பட்டா இல்லாத உரிமை: கால்பந்து ரசிகரும் கிளப்பும் நிலமும்



வளையமாதேவியில் நின்றுகொண்டு இங்கிலாந்துக் கால்பந்தைப் பேசுவதா என்ற கேள்வி அழைப்பிதழ் அச்சானதுமே வந்துவிட்டது. நியாயமான கேள்விதான். 2023 ஜூலை 26 அன்று இந்த ஊர் வயல்களில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காக, இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காக நடந்த வேலை அது. அந்த மண்ணில் நின்று பந்தைப் பற்றி ஏன் பேசுகிறோம் என்பதற்கு இந்த உரை முழுவதும்தான் பதில். சுருக்கமாகச் சொன்னால், ஒரு கிளப்பின் ரசிகருக்கும் ஒரு வயலின் கூலிக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. இருவரிடமும் பட்டா கிடையாது. தலைமுறை தலைமுறையாக அதிலேயே கிடந்திருப்பார்கள். ஆனால் விற்கும்போதும் இடம் மாற்றும்போதும் கையெழுத்துக் கேட்க அவர்களிடம் யாரும் வருவதில்லை. வயிற்றுப்பாடும் விளையாட்டு மோகமும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். ஒப்பிடுவது பாட்டை அல்ல, உரிமையை.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1863இல் தொடங்கியபோது பந்து கனவான்களின் பள்ளிகளுக்குச் சொந்தமாக இருந்தது. அதைத் தொழிலாளர் கையில் சேர்த்தது சனிக்கிழமை மத்தியானம்தான். 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை இரண்டு மணியோடு வேலையை முடித்துவைத்தது. அந்த அரைநாள் ஓய்வு மெல்ல மற்ற தொழில்களுக்கும் பரவியது. ஓய்வு என்பது யாரும் போட்ட பிச்சையல்ல, போராடிப் பெற்றது. மே தின மேடைகளில் எட்டு மணி நேர வேலையைப் பேசும் நம் தோழர்கள் இந்த அரைநாளையும் கொஞ்சம் பேசலாம். 1883இல் நெசவாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் நிறைந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்று கோப்பையை வடக்கே கொண்டுபோனது. இரண்டு வருடம் கழித்து, 1885இல், ஆடுபவருக்குக் கூலி கொடுப்பது சட்டபூர்வமானது. அதுவரை 'காசுக்கு ஆடுவது இழிவு' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் காசு உள்ளவர்கள்.

இன்று உலகமே பார்க்கும் கிளப்புகளின் பிறப்பைப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட் 1878இல் ரயில்பெட்டிப் பட்டறைத் தொழிலாளர் அணியாகத் தொடங்கியது. ஆர்சனல் 1886இல் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் பிறந்தது. வெஸ்ட் ஹாமின் வேர் 1895இல் தேம்ஸ் கரையின் கப்பல் கட்டும் தளத்தில் இருக்கிறது. நெய்வேலியை ஒட்டி வாழும் நமக்கு இன்னும் நெருக்கமானது சண்டர்லேண்ட் கதை. அங்கே மங்க்வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993 டிசம்பரில் மூடப்பட்டது. அந்த இடத்திலேயே 1997இல் சண்டர்லேண்ட் கிளப்பின் புதிய ஸ்டேடியம் எழுந்தது. அதற்கு 'ஒளியின் ஸ்டேடியம்' என்று பெயர். வாசலில் சுரங்கத் தொழிலாளியின் டேவி விளக்கு நினைவுச்சின்னமாக நிற்கிறது. சுரங்கம் போனது, வேலை போனது; விளக்கு மட்டும் சிலையாக மிஞ்சியது. தோண்டி முடித்த குழியின் மேல் நாளை என்ன எழும் என்று இப்பகுதி இளைஞர்கள் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

ஆனால் இந்தத் தொழிலாளி வர்க்கக் கதையை அப்படியே கொண்டாடிவிட்டுப் போக நம்மால் முடியாது. அதற்குள் ஒரு கல்லறை இருக்கிறது. ஆர்தர் வார்ட்டன் 1865இல் இன்றைய கானாவின் அக்ராவில் பிறந்தவர். மதப் பணியாளர் ஆவதற்குப் படிக்க இங்கிலாந்து வந்தார். 1886இல் நூறு கெஜ ஓட்டத்தைப் பத்து விநாடியில் ஓடிச் சாம்பியனானார். பிரஸ்டன் நார்த் எண்ட் அணிக்கு கோல்கீப்பராக நின்றார். பிறகு ராதர்ஹாமில் கூலிக்கு ஆடினார். உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று வரலாறு இன்று அவரைச் சொல்கிறது. அன்று சொல்லவில்லை. கால்கள் ஓய்ந்தபின் அவர் யார்க்‌ஷயரில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனார். 1930இல் எட்லிங்டன் என்ற சுரங்க ஊரில் வறுமையில் இறந்தார். புதைத்த இடத்தில் பெயர்ப் பலகைகூட இல்லை. அறுபத்தேழு வருடம் கழித்து, 1997இல், இனவெறிக்கு எதிராக இயங்கிய கால்பந்து ரசிகர்களின் முயற்சியால்தான் அங்கே கல் நடப்பட்டது. நடுகல் மரபைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர்கள் இந்தக் கல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். மறந்தவர்கள் வாரியத்தினர். நினைவில் எடுத்தவர்கள் பலகை இருக்கையில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தவர்கள்.

இன்னொரு விலக்கும் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரஸ்டன் ஊரில் டிக், கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஓர் அணி கட்டினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடியதைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்றே, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லிக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. அந்தத் தடை நீங்க ஐம்பது ஆண்டு ஆனது. கூட்டம் வரவில்லை என்பதற்காக அல்ல, கூட்டம் வந்தது என்பதற்காகப் போட்ட தடை அது. கோவில் தெருவில் நாம் செருப்போடு நடந்தால் வரும் கோபமும் இதே வகைதான்.

இந்தியாவில் ரசிகர் பண்பாடு என்றால் கொல்கத்தா. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி, ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றது. தேசிய வரலாறு அதைத் தன் ஏட்டில் பொன்னெழுத்தில் எழுதியது. ஆனால் கொல்கத்தா லீக்கை முதலில் வென்ற இந்திய அணி மோகன் பகான் அல்ல. அது முகமதன் ஸ்போர்ட்டிங். 1934 முதல் 1938 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்றது. அந்த வெற்றியில் நாடெங்கும் இருந்த சாதாரண முஸ்லிம் தன்னைப் பார்த்துக்கொண்டார். அதைத் 'தேசிய வெற்றி' என்று எழுதப் பலருக்குக் கை வரவில்லை. ஒரே லீக், ஒரே கோப்பை. யார் வென்றார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது.

ஈஸ்ட் பெங்கால் கதை இன்னும் சிக்கலானது. 1920இல் ஓர் ஆட்டக்காரரை அணியிலிருந்து நீக்கிய சண்டையில் பிறந்த கிளப் அது. பிரிவினைக்குப் பிறகு கிழக்கிலிருந்து வந்த அகதிகளின் மானமாக மாறியது. அவர்கள் வென்றால் இலிஷ் மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்று சந்தையே இரண்டாகப் பிரியும். அழகான பண்பாடுதான். ஆனால் எந்த அகதி என்று சமூகவியல் கேட்கவேண்டும். முன்னே வந்த, சொந்தபந்தம் உள்ள மேல்சாதி அகதிகள் கொல்கத்தாவைச் சுற்றிக் காலனிகள் அமைத்துக்கொண்டார்கள். பின்னே வந்தவர்களில் பெரும்பகுதியான நாமசூத்திர உழவர்கள் தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே பிழைக்க முடியாமல் திரும்பி வந்து மரிச்ஜாப்பி தீவில் குடியேறியவர்களை, 1979இல் இடதுசாரி அரசின் போலீஸ் முற்றுகையிட்டு விரட்டியது. இறந்தவர்களின் எண்ணிக்கை இன்றும் தீராத வழக்கு. அகதியின் கிளப் என்ற பெருமையைப் பாடும்போது, கேலரிவரை வந்து சேர முடியாத அகதியையும் சேர்த்துப் பாடவேண்டும். பாடினால் சுருதி கொஞ்சம் கெடும். கெடட்டும்.

நம் மக்களுக்கென்று ஒரு முகமதன் ஸ்போர்ட்டிங் ஏன் உருவாகவில்லை? கிளப் என்றால் மைதானம், சந்தா, கட்டிடம், வழக்கறிஞர், வணிகர் எல்லாம் வேண்டும். சேரியில் ஆட ஆள் இருந்தார்கள். மற்ற எதுவும் இல்லை. கோலார் தங்கவயலில் வெள்ளைக்காரருக்கு கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. வட ஆற்காட்டிலிருந்து போன நம்மவருக்கு லைன் வீடு. ஆனாலும் பந்து எப்படியோ வந்து சேர்ந்தது. பெங்களூரு அல்சூர் பக்கம் கௌதமபுரா என்ற பகுதிக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். பழைய கண்டோன்மென்ட்டை அண்டிப் பிழைக்க வந்த தமிழ்த் தலித் குடும்பங்களின் பகுதி அது. அங்கே அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். அண்ணலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ஆட்டக்காரனை நிறுத்த எந்த அறிஞரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாம் நான்கு கருத்தரங்கு நடத்திச் சொல்வதை அந்தத் தெரு ஒரு சிலையில் சொல்லிவிட்டது.

பக்கத்திலேயே பார்க்கலாம். நம் மாவட்டத் தலைநகர் கடலூரில், அரசு இல்லத்துச் சிறுமிகளும் ஏழை வீட்டுச் சிறுமிகளும் மாரியப்பன் என்ற பயிற்றுநரிடம் பந்து பழகினார்கள். சுனாமியில் பெற்றோரை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்த ஊரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார்; தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மீண்டும் பெற்றது. இந்த இரண்டு வெற்றிக்கும் நம் ஊர்களில் எத்தனை பட்டாசு வெடித்தது என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்ட் 12 அன்று ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரு கோல் அடித்தார். நாலரை வருடமாக மோகன் பகானிடம் தோற்றுக்கொண்டிருந்த கிளப் 1-0 என்று வென்றது. கொல்கத்தா அன்றிரவு ஒரு தமிழ்ப் பெயரைக் கூவியது. வளையமாதேவியில் பயிர் அழிந்து அப்போது பதினேழு நாள். இங்கே யாருக்கும் டிவி பார்க்கும் மனநிலை இருந்திருக்காது.

இனி உடைமைக்கு வருவோம். 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த லீக்கில் அந்த அணியே இல்லை. கேலரியில் கத்திய பிள்ளைகளிடம் யாரும் காரணம் சொல்லவில்லை. மோகன் பகான் 2020இல் ஒரு நிறுவனத்தின் அணியோடு இணைக்கப்பட்டு, பெயருக்கு முன்னால் ஏடிகே என்ற மூன்றெழுத்து ஒட்டப்பட்டது. ரசிகர்கள் மூன்று பருவம் விடாமல் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் கோப்பை வென்ற இரவில் உரிமையாளரே அந்த எழுத்துகளை எடுப்பதாக அறிவித்தார். எடுத்த இடத்தில் 'சூப்பர் ஜெயன்ட்' என்று இன்னொன்றை வைத்தார் என்பது வேறு கதை. 2024 ஆகஸ்ட் 18 அன்று ஆர்.ஜி.கர் மருத்துவமனை மருத்துவருக்கு நீதி கேட்டு மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ரசிகர்கள் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வெளியே ஒன்றாக நின்றார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட்டம் ரத்தான நாள் அது. தடியடிக்கும் கலையவில்லை.

ரசிகரைப் போலவே நிலத்திலும் ஒரு 'நாம்' உண்டு. அந்த 'நாம்' பற்றித்தான் இங்கே கொஞ்சம் கசப்பாகப் பேசவேண்டியிருக்கிறது. இவ்வூர்ப் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் சொன்னது. நல்லது. அந்தத் தொகை நிலக்காரருக்கு. அந்த வயலில் நாற்றுப் பறித்து நட்ட பெண்களுக்கு அறுவடைக் கூலி போனதே, அதற்கு எந்தக் கணக்கில் எழுதுவது? 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலமில்லாத விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று எழுத்தளவில் ஏற்கிறது. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதுகூடக் கிடையாது. விவசாயிகள் போராட்ட மேடையில் காலனிக்காரர் நின்றார்கள், கைதும் ஆனார்கள். பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி எத்தனை போட்டார்கள்? கம்பெனியை எதிர்க்கும் கூட்டணியில் நாம் இருப்போம். கூட்டணிக்குள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

கடைசியாக விம்பிள்டன். லண்டனின் தெற்கே 1889இல் தொடங்கிய சிறு கிளப். 1988இல் லிவர்பூலை வென்று எஃப்ஏ கோப்பையை எடுத்தது. 1991இல் தன் பிளவ் லேன் மைதானத்தை விட்டு வெளியேறி இன்னொரு கிளப்பின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது. உரிமையாளர்கள் அதைச் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோக விரும்பினார்கள். 2002 மே 28 அன்று மூவர் குழு அனுமதித்தது. ரசிகர்கள் புதுக் கிளப் தொடங்குவது கால்பந்தின் பொது நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்தக் குழு கருதியது. பொது நலன், பொது நோக்கம் என்ற சொற்களை நாம் எங்கே கேட்டிருக்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை. ரசிகர்கள் அழுதுகொண்டு நிற்கவில்லை. சில வாரங்களுக்குள் ஊர்ப் பொது மைதானத்தில் ஆள் தேர்வு நடத்தி, ஏஎஃப்சி விம்பிள்டன் என்று தங்களுக்குச் சொந்தமான கிளப்பைத் தொடங்கினார்கள். ஒன்பதாம் படியில் இறக்கிவிடப்பட்டார்கள். ஒவ்வொரு படியாக ஏறி 2011இல் முறையான லீக்குக்குத் திரும்பினார்கள். தாங்களே கடன்பத்திரம் வாங்கிப் பணம் சேர்த்து, பழைய மைதானம் இருந்த இடத்துக்குச் சில நூறு அடி தள்ளி, அதே பிளவ் லேனில் புது ஸ்டேடியம் கட்டினார்கள்.

2020 நவம்பர் 3 அன்று அங்கே முதல் ஆட்டம் நடந்தது. இருபத்தொன்பது வருடம் கழித்துச் சொந்தத் தெருவில். கோவிட் கட்டுப்பாடு காரணமாக ரசிகர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. ஆட்டம் 2-2.