கோவிட்-19: நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மிகைச் செயல்பாட்டை முன்கூட்டியே அறிதல்

கோவிட்-19 தொற்றினால் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோருள் சிலருக்கு, வைரஸைக் காட்டிலும் அதனை எதிர்க்க எழும் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அதிகத் தீங்கு விளைவிக்கிறது. எதிர்ப்பு அணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறப் பயன்படுத்தும் சைட்டோகைன் எனும் புரதங்கள் அளவு மீறிச் சுரந்து, நுரையீரல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் கடும் அழற்சியை உண்டாக்குகின்றன. இதுவே 'சைட்டோகைன் புயல்' எனப்படுகிறது. பெயர் அச்சமூட்டினாலும், அனுமதிக்கப்படும் அனைவருக்கும் இது நேர்வதில்லை.

எப்போது கவனம் தேவை?

அறிகுறிகள் தொடங்கிய இரண்டாம் வாரத்தை ஒட்டியே பெரும்பாலும் நிலைமை மோசமடைகிறது. எனவே, முதல் காய்ச்சல் அல்லது இருமல் எந்த நாளில் தொடங்கியது என்பதை மருத்துவரிடம் சரியாகத் தெரிவிக்கவும். பரிசோதனை முடிவு வந்த நாள் இதற்கு ஈடாகாது. தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல், மூச்சு வேகமாதல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றை உடனே செவிலியரிடம் கூற வேண்டும். சிலருக்கு மூச்சுத்திணறல் தெரியாமலேயே ஆக்சிஜன் அளவு குறையக்கூடும். ஆகவே 94 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கினால் காத்திருக்க வேண்டாம்.

இரத்தப் பரிசோதனைகள் எதனைக் காட்டுகின்றன?

சி-ரியாக்டிவ் புரதம் (சி.ஆர்.பி.), ஃபெரிட்டின், டி-டைமர் ஆகியவை உயர்வதும், லிம்போசைட் அணுக்கள் குறைவதும் எச்சரிக்கைக் குறிகள். சைட்டோகைன்களுள் ஒன்றான இன்டர்லூக்கின்-6 தூண்டுவதால் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது, எனவே செலவு மிகுந்த இன்டர்லூக்கின்-6 பரிசோதனை இல்லாத இடங்களிலும் சி.ஆர்.பி. ஓரளவு அதன் நிலையை உணர்த்தும். எனினும் பாக்டீரியா தொற்று, கல்லீரல் நோய் போன்றவற்றாலும் இவ்வளவுகள் உயரலாம். எந்த ஒரு பரிசோதனையும் தனியே முடிவு கூறாது. அளவு நாளுக்கு நாள் எவ்வாறு மாறுகிறது என்பதே முக்கியம். மீண்டும் மீண்டும் இரத்தம் எடுப்பதன் காரணமும் அதுவே.

முன்கூட்டியே அறிவதன் பயன்

பிரிட்டனில் நடைபெற்ற 'ரெகவரி' ஆய்வு, நாளொன்றுக்கு 6 மி.கி. டெக்சாமெத்தசோன் அளித்தபோது செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றோரின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்ததை 2020-இல் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதோருக்குப் பயன் ஏதும் காணப்படவில்லை. ஆகவே மருத்துவர் ஆலோசனையின்றி, தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு மாத்திரைகளை மருந்துக் கடையில் வாங்கி உட்கொள்வது பாதுகாப்பு அன்று, ஆபத்து. 2021-இல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியதில், கட்டுப்பாடற்ற நீரிழிவுக்கும் முறையற்ற ஸ்டீராய்டு பயன்பாட்டிற்கும் பெரும் பங்கு உண்டு.

ஸ்டீராய்டு அளித்தும் ஆக்சிஜன் தேவையும் சி.ஆர்.பி.யும் கூடினால், இன்டர்லூக்கின்-6-இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தை மருத்துவர் பரிசீலிக்கலாம். இது உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால், நோயாளிக்கு முன்னர் காசநோயோ ஹெபடைடிஸ்-பி தொற்றோ இருந்திருப்பின், அது பல ஆண்டுகளுக்கு முன்பே குணமாகியிருந்தாலும், மருந்து செலுத்துவதற்கு முன் தெரிவித்துவிட வேண்டும்.