ஒயினும் ஊரும்

ஷாப்ளி என்பது பிரான்சில், பர்கண்டிப் பகுதியின் வடகோடியில், செரென் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். அந்த ஊரையும் சுற்றுப்பட்டுக் கிராமங்களையும் சேர்ந்த சரிவுகளில் விளையும் ஷார்டனே திராட்சையில் செய்த வெள்ளை ஒயினுக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. எல்லைக்கு அப்பால் அதே திராட்சையை அதே முறையில் பிழிந்து நொதிக்க வைத்தாலும் புட்டியில் ஷாப்ளி என்று ஒட்ட முடியாது. ஒட்டினால் வழக்கு வரும். எல்லை வகுத்த நிலம், அனுமதிக்கப்பட்ட திராட்சை வகைகள், வழிவந்த செய்முறை ஆகிய மூன்றையும் ஓர் ஊர்ப்பெயருக்குள் சட்டம் கட்டி வைத்திருப்பதைத்தான் இன்று ஒயின் வட்டாரம் என்கிறார்கள். பொர்தோ, ரியோகா, பரோலோ, மோசெல், நாப்பா என்று உலகெங்கும் இப்படிப் பல பெயர்கள். அவற்றில் பலவற்றின் பின்னால் மோசடியும் பஞ்சமும் கலகமும் இருக்கின்றன. அந்தக் கதை தெரிந்து பருகுபவருக்கு ஒயின் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தருகிறது.

ஒயினுக்கு இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய வேதியியல் சான்று ஜார்ஜியா நாட்டிலிருந்து வந்தது. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கடச்ரிலி கோரா, ஷுலவேரிஸ் கோரா என்ற இரு தொல்லியல் மேடுகளில் எடுத்த பானை ஓடுகளில் திராட்சையின் டார்டாரிக் அமிலம் ஊறியிருந்தது. 2017இல் வெளியான ஆய்வு அவற்றின் காலத்தை ஏறத்தாழ கி.மு. 6000 என்று கணித்தது. ஜார்ஜியர்கள் இன்றும் குவெவ்ரி என்னும் முட்டை வடிவ மண்தாழியைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்து, தோலும் விதையுமாகச் சாற்றை ஊற்றி, மாதக்கணக்கில் மூடி வைக்கிறார்கள். வெள்ளைத் திராட்சையும் அதில் கிடந்து தேன் நிறத்துக்கு மாறிவிடும். இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கைப்பக்குவம் என்று எழுதி வைக்கும் பழக்கம் எகிப்தில் துலக்கமாகத் தெரிகிறது. 1922இல் திறக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில் 26 ஒயின் சாடிகள் இருந்தன. பலவற்றின் தோள்பட்டையில் மையால் எழுதியிருந்த குறிப்புகளில் மன்னனின் ஆட்சியாண்டு, தோட்டம் யாருடையது, அது நைலின் எந்தக் கிளையோரம் உள்ளது, தலைமை ஒயின் வினைஞர் பெயர் என்ன என்பன வரிசையாக வருகின்றன. இன்றைய புட்டிச் சீட்டில் இருக்கும் செய்திகள் ஏறக்குறைய எல்லாமே 3,300 ஆண்டுகளுக்கு முன் அந்தச் சாடிகளில் இருந்தன. அரசனோடு புதைத்த பானைகளில் உழைத்தவரின் பெயரும் எழுதப்பட்டிருப்பது ஒயினின் வரலாற்றில் அழகான செய்தி.

ரோமர்கள் இதை விலைப்பட்டியலாகவே ஆக்கினார்கள். நேபிள்ஸுக்கு வடக்கே மாசிக்கோ மலைச்சரிவில் விளைந்த ஃபலேர்னிய ஒயின் அவர்களுக்குள் உயர்ந்த பெயர். கி.மு. 121ஆம் ஆண்டு விளைச்சல் அவர்கள் நினைவில் பொற்காலமாக நின்றது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மூத்த பிளினி எழுதும்போதும் அதில் கொஞ்சம் மிச்சமிருந்தது. கசக்கும் தேன்போல் கெட்டியாகிவிட்டதாக அவர் சொல்கிறார். தம் இயற்கை வரலாற்று நூலில் திராட்சைக்கும் ஒயினுக்கும் ஒரு முழுப் பகுதியை ஒதுக்கி, ஊர் ஊராகத் தரம் பிரித்தார் அவர்.

ரோமர் உலகின் ஒயின் தமிழகக் கரைக்கும் வந்தது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா சாடித் துண்டுகள் கிடைத்தன. பிற்கால ஆய்வுகள் அவற்றில் பலவும் ஏஜியன் கடலின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை என்று காட்டின. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர் யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைக் குறிப்பிடுகிறார். ஏட்டுச் சான்றும் மண்ணடிச் சான்றும் இப்படிக் கைகோப்பது அரிது.

ரோமப் பேரரசுக்குப் பின் ஐரோப்பாவில் ஒயின் அறிவைக் காத்து வளர்த்தவர்களில் துறவிகளுக்குப் பெரிய பங்குண்டு. 1098இல் பர்கண்டியில் சீத்தோ மடம் நிறுவப்பட்டது. அதன் சிஸ்டர்சியத் துறவிகள் தானமாக வந்த நிலங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்தார்கள். எந்தத் துண்டில் பனி முதலில் உருகுகிறது, எங்கே கனி முன்னதாகப் பழுக்கிறது, எந்த வரப்பைத் தாண்டினால் சுவை மாறுகிறது என்பதெல்லாம் மடத்தின் அறிவாகச் சேர்ந்தது. அவர்கள் மதில் எழுப்பிய க்ளோ த வூஜோ தோட்டம், ஏறத்தாழ 50 ஹெக்டேர், இன்றும் அதே சுவருக்குள் இருக்கிறது. 1395இல் பர்கண்டி கோமகன் துணிவுமிகு ஃபிலிப், மிகுதியாகக் காய்த்து மட்டமான ஒயின் தருவதாகச் சொல்லி கமே வகைக் கொடியைப் பிடுங்க ஆணையிட்டார். பினோ நுவார் திராட்சை அந்தச் சரிவுகளின் அடையாளமானதில் அந்த ஆணைக்கும் பங்குண்டு.

எல்லையைச் சட்டமாக வகுத்ததில் முன்னோடிகள் இத்தாலியும் போர்ச்சுகலும். 1716இல் டஸ்கனி ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ த மெதிச்சி, கியாந்தி உட்பட நான்கு பகுதிகளின் எல்லைகளை அறிவித்தார். ஆனால் நிலத்தில் கல் நட்டு, ஆள் வைத்துக் காத்தது போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில்தான்.

பிரான்சோடு ஓயாமல் சண்டையிட்ட இங்கிலாந்துக்கு வேறிடத்து ஒயின் வேண்டியிருந்தது. 1703இன் மெத்துவென் உடன்படிக்கை போர்ச்சுகீசிய ஒயினுக்கு வரிச்சலுகை கொடுத்தது. கிராக்கி ஏறியதும் கலப்படமும் ஏறியது: வெளிறிய ஒயினுக்கு எல்டர்பெரிச் சாற்றைக் கலந்து நிறமேற்றினார்கள். பெயர் கெட்டது, விலை சரிந்தது. 1756இல் முதலமைச்சர் பொம்பால் பிரபு ஓர் அரசு ஆதரவுக் கம்பெனியை நிறுவி, டோருவின் மேட்டுப் பள்ளத்தாக்கில் உயர்ந்த ஒயின் விளையும் நிலங்களை அளந்து கருங்கல் எல்லைத் தூண்களை நடச் செய்தார். அப்பகுதியின் எல்டர்பெரி மரங்களை வேரோடு பிடுங்கவும் ஆணை வந்தது. கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து 1757இல் போர்ட்டோ நகரில் கலகம் வெடித்தபோது பொம்பால் இரக்கம் காட்டவில்லை, பலர் தூக்கிலிடப்பட்டார்கள். தூண்களில் சில இன்றும் நிற்கின்றன.

டோருவில் மண் என்று சொல்ல அதிகம் இல்லை. தகடு தகடாகப் பிளக்கும் சிஸ்ட் பாறையை உடைத்துப் படிக்கட்டு வயல்களாக அடுக்கியிருக்கிறார்கள். செங்குத்தாகப் பிளந்த பாறை இடுக்குகளில் கொடியின் வேர் நீர் தேடி ஆழமாக இறங்குகிறது. அறுவடை முடிந்ததும் லகார் எனும் அகன்ற கல்தொட்டியில் பழத்தைக் கொட்டி, ஆட்கள் தோளோடு தோள் கோத்து, ஒருவர் எண்ண மற்றவர் அடியெடுத்து வைத்து மணிக்கணக்கில் மிதிப்பார்கள். சர்க்கரை பாதியளவு சாராயமாக மாறியதும் திராட்சைச் சாராயத்தை ஊற்றினால் ஈஸ்ட் மடிந்து நொதித்தல் நின்றுவிடும், இனிப்பு தங்கும். ஏறத்தாழ 20 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட போர்ட் ஒயின் இப்படித்தான் உருவாகிறது. இயந்திரங்கள் வந்துவிட்ட பிறகும் சில பண்ணைகள் தம் சிறந்த ஒயினுக்குக் காலால் மிதிப்பதையே நம்புகின்றன. பாதம் சதையை நசுக்கும், விதையை உடைக்காது. விதை உடைந்தால் கசப்பு இறங்கும்.

பொர்தோவின் பெருமை வேறு வகையில் ஏறியது. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் தரப்பட்டியல் கேட்டபோது, பொர்தோவின் தரகர்கள் நீண்டகாலச் சந்தை விலையை வைத்து மெதோக் பகுதியின் பண்ணைகளை ஐந்து படிகளாக அடுக்கினார்கள். முதல் படியில் லஃபீத், லத்தூர், மார்கோ ஆகிய மூன்றும், மெதோக்குக்கு வெளியிலிருந்து ஓ-பிரியோனும். பிற்பாடு அந்தப் படியில் ஏறியது ஒன்றே ஒன்று: 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட்.

அந்தப் பட்டியல் வெளிவந்து பத்தாண்டு ஆவதற்குள் பிரெஞ்சுத் தோட்டங்கள் காரணம் தெரியாமல் கருகத் தொடங்கின. 1868இல் மோன்பெலியே தாவரவியலாளர் ஜூல்-எமீல் பிளான்ஷோன், ரோன் ஆற்றுப்பக்கத் தோட்டமொன்றில் நோயுற்ற கொடியை விட்டு, நன்றாக இருந்த பக்கத்துக் கொடியின் வேரைத் தோண்டச் செய்தார். வேர் முழுக்க மஞ்சள் நிறச் சிறு பூச்சிகள் மொய்த்திருந்தன. செத்த கொடியைக் கைவிட்டு அவை முன்பே நகர்ந்திருந்ததால்தான் அதுவரை எவர் கண்ணிலும் படவில்லை. அமெரிக்காவிலிருந்து செடிகளோடு கப்பலேறி வந்த ஃபில்லாக்செரா அது. மருந்தும் அமெரிக்காவிலிருந்தே வந்தது: பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். இன்று உலகின் பெரும்பாலான ஒயின் தோட்டங்கள் இந்த ஒட்டுச்செடிகளில்தான் நிற்கின்றன. சிலி தப்பியது. தெற்கு ஆஸ்திரேலியாவும் தப்பியது; பரோசா பள்ளத்தாக்கில் 1840களில் நட்ட ஷிராஸ் கொடிகள் தம் சொந்த வேரிலேயே இன்றும் காய்க்கின்றன.

பூச்சி ஓய்ந்ததும் மோசடி தலைதூக்கியது. உலர்திராட்சையை ஊறவைத்தும் சர்க்கரைத் தண்ணீரைக் கலந்தும் ஒயின் என்று விற்றார்கள். விலை விழுந்த 1907இல் தென்பிரான்சின் விவசாயிகள் லட்சக்கணக்கில் மோன்பெலியேயில் திரண்டார்கள். அடக்க அனுப்பிய படைகளில் ஒரு படைப்பிரிவே பணிய மறுத்தது. 1911இல் ஷாம்பெயினில், வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பெயின் என்று விற்ற வியாபாரிகளின் கிடங்குகளை அயி ஊரில் கொளுத்தினார்கள். ஊர்ப்பெயர் ஒரு விவசாயியின் சோறு என்பதை இதைவிடக் கடுமையாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

சட்டம் மெல்ல வந்தது. ஷாத்தோநஃப்-து-பாப் ஊரின் பாரோன் லு ருவா 1923இல் தம் ஊருக்கான விதிகளை வகுத்தார். லாவெண்டரும் தைம் செடியும் வளரும் வறண்ட நிலமே அந்த ஒயினுக்கு ஏற்றது என்பது அவற்றுள் ஒன்று. 1935இல் பிரான்ஸ் முழுமைக்கும் இந்த ஏற்பாடு சட்டமானது. அடுத்த ஆண்டு முதல் வட்டாரங்கள் பதிவாயின. இத்தாலி 1963இல் தன் சட்டத்தை இயற்றியது. இந்தியாவின் 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டமும், மதுரை மல்லிக்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் அதன்கீழ் கிடைத்த பாதுகாப்பும் இந்த வழியில் வந்தவையே.

பழைய வட்டாரங்களின் தனியுரிமை நினைப்பை உடைத்தது 1976 மே 24. பிரிட்டிஷ் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பாரிஸில் ஒரு மறைசுவைப்பு நடத்தினார். புட்டியின் பெயர் தெரியாமல் பிரெஞ்சு நடுவர்கள் மதிப்பெண் போட்டார்கள். வெள்ளையில் ஷாத்தோ மோன்தெலேனாவின் 1973 ஷார்டனேயும், சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் வைன் செல்லர்ஸின் 1973 கபெர்னே சோவிஞோனும் முதலிடம் பெற்றன. இரண்டும் கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கு நிறுவனங்களுடையவை. சிலிக்கு அத்தகைய நாள் 1994இல் வந்தது. அங்கே மெர்லோ என்று வளர்த்த கொடிகளில் பல, பொர்தோவில் ஏறக்குறைய மறைந்துபோன கார்மெனேர் என்று பிரெஞ்சு அறிஞர் ழான்-மிஷேல் புர்சிக்கோ கண்டுசொன்னார்.

ஒயினைப் பாடமாகக் கற்பதும் இருபதாம் நூற்றாண்டில் அமைப்பானது. லண்டனில் மாஸ்டர் ஆஃப் வைன் தேர்வு 1953இல் தொடங்கியது. 1971இல் ஹியூ ஜான்சனின் உலக ஒயின் வரைபட நூல் வட்டாரங்களைச் சாதாரண வாசகரின் மேசைக்குக் கொண்டுவந்தது. 1980களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள், மணங்களை வகைப்படுத்தும் ஒயின் மணச்சக்கரத்தை உருவாக்கினார். 2001இல் வெளியான பொர்தோ ஆய்வொன்றில், சிவப்புச் சாயமிட்ட வெள்ளை ஒயினை 54 மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். கண் மூக்கை இழுத்துக்கொண்டு போகும் என்பது அதிலிருந்து தெளிவானது. மறைசுவைப்பை ஆசிரியர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

பயிலும் முறை எளிமையானது. கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து விளிம்பின் நிறம் பார்க்க வேண்டும்: சிவப்பு ஒயின் முதிர முதிர விளிம்பு செங்கல் நிறமாகும், வெள்ளை பொன்னிறமாகும். சுழற்றி முகர்ந்தபின் ஒரு வாய். நாவின் ஓரங்களில் நீர் ஊறினால் அது அமிலம். பிஞ்சு வாழைக்காயைக் கடித்ததுபோல் ஈறு பிடித்தால் அது டானின். தொண்டையில் சூடு பரவினால் ஆல்கஹால். பல ஒயின்களைச் சுவைக்கிறவர்கள் விழுங்காமல் துப்புவார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. பத்தாவது கோப்பைக்கும் தெளிவான நாக்கு வேண்டும்.

வட்டாரத்தை அறிய மிகச் சிறந்த வழி, ஒரே திராட்சையின் இரண்டு ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. வட ரோனின் சீரா மிளகு வாசமும் இறுக்கமும் கொண்டது. அதே வகை பரோசாவின் வெயிலில் ஷிராஸ் என்ற பெயரில் கனத்து, பழப்பாகின் இனிமை காட்டும். மோசெல் ஆற்றின் பலகைக்கல் சரிவுகளில், சில இடங்களில் 60 பாகைக்கும் மேல் செங்குத்தான நிலத்தில், விளையும் ரீஸ்லிங் 8 அல்லது 9 விழுக்காடு ஆல்கஹாலோடு மெல்லியதாகவும் கூர்மையாகவும் இருக்கும். அல்சாஸ் ரீஸ்லிங் பெரும்பாலும் இனிப்பின்றித் திடமாக வரும். விலையுயர்ந்த புட்டி தேவையில்லை. இரண்டு கோப்பைகளும் அவசரமின்மையும் போதும்.

இப்போது எல்லைகளே அசைகின்றன. பர்கண்டியின் போன் நகரில் 1354 முதலான அறுவடைத் தேதிகளைத் திரட்டி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1988க்குப் பிந்தைய அறுவடை சராசரியாக 13 நாள் முந்தி வருகிறது. தெற்கு இங்கிலாந்தின் சுண்ணக்கட்டி நிலங்களில் நுரைக்கும் ஒயின் நன்றாக வருகிறது; ஷாம்பெயின் நிறுவனமான தேத்தாஞ்சே கெண்ட் மாவட்டத்தில் நிலம் வாங்கிக் கொடி நட்டிருக்கிறது. பிடிவாதமான பொர்தோவும் 2021இல் வெப்பத்துக்கு ஈடுகொடுக்க ஆறு புதிய வகைகளுக்குச் சோதனை முறையில் அனுமதி பெற்றது. அவற்றில் ஒன்று டோருவின் பெயர்பெற்ற கொடியான துரிகா நசியோனால். ஒரு பண்ணையின் நிலத்தில் 5 விழுக்காட்டுக்கும், கலவையில் 10 விழுக்காட்டுக்கும் மேல் இவை சேரக்கூடாது. புட்டிச் சீட்டில் இவற்றின் பெயரைப் போடவும் அனுமதியில்லை.