கண்டறிபவர் யார்? காஞ்சிபுரம் வட்டாரத்தின் மருத்துவக் கருவித் தொழிலும் ஃபொரேயின் கோட்பாடும்

ஒரு வட்டாரம் எல்லாத் துறைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணத்தைத் தூவக் கூடாது. தனக்குக் கைவந்த அறிவை ஒட்டிய ஓரிரு துறைகளில் ஆராய்ச்சி முதலீட்டைக் குவிக்க வேண்டும். ஸ்மார்ட் ஸ்பெஷலைசேஷன் என்று ஐரோப்பாவில் வழங்கும் வட்டாரத் தனித்தேர்ச்சிக் கொள்கையின் சாரம் இது. டொமினிக் ஃபொரே, பால் டேவிட், பிரான்வின் ஹால் ஆகிய மூவர் 2009இல் எழுதிய சிறு கொள்கைக் குறிப்பு இதற்கு வித்திட்டது. 2011இல் இதற்கென ஸ்பெயினின் செவில் நகரில் ஐரோப்பிய ஆணையம் ஒரு தளம் அமைத்தது. 2014–2020 நிதிக்காலத்தில் வட்டார வளர்ச்சி நிதியின் ஆராய்ச்சிப் பங்கைப் பெறுவதற்கு இத்தகைய உத்தி முன்நிபந்தனையாகவே ஆனது. ஸ்பெயினின் பாஸ்க் நாடும் இத்தாலியின் எமிலியா-ரொமாக்னாவும் தம் முன்னுரிமைகளுள் உடல்நலத் தொழில்நுட்பத்தைச் சேர்த்தன.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடத்தில் சிப்காட் நிறுவனத்தின் 350 ஏக்கர் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கு 2021இல் மத்திய அரசின் கொள்கையளவிலான ஒப்புதல் கிடைத்தது. இதுவும் ஒரு வட்டாரத் தனித்தேர்ச்சி முயற்சியே. ஃபொரேயின் கோட்பாட்டை இந்த வட்டாரத்தில் வைத்துப் பார்க்கும்போது அதன் மையக் கருத்தில் ஓர் இடைவெளி தெரிகிறது. அந்த இடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

ஃபொரேயின் வாதம்

எந்தத் துறை தனக்குப் பொருந்தும் என்பதை அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது என்பது ஃபொரேயின் அடிப்படை நிலைப்பாடு. அந்த அறிவு களத்தில் சிதறிக் கிடக்கிறது. தொழில்முனைவோர் முயன்று பார்த்து அதை வெளிக்கொணர்கிறார்கள். இதற்கு அவர் தந்த பெயர் தொழில்முனைவோரின் கண்டறிதல். அரசு வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கண்டறிதல் நிகழ்ந்த இடத்தை அடையாளம் கண்டு, அது மற்றவர்களுக்கும் பரவ வழிசெய்தால் போதும். தொழில்முனைவோர் என்ற சொல்லுக்கும் அவர் பரந்த பொருளே தருகிறார். நிறுவனங்களோடு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தனிக் கண்டுபிடிப்பாளர்களும் அதில் அடங்குவர்.

இந்த வாதத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை. மேலிருந்து திணித்த எத்தனையோ தொழிற்பேட்டைகள் புல் முளைத்துக் கிடப்பதற்கு இது சரியான விளக்கம் தருகிறது. ஆனால் கண்டறிபவர்களின் பட்டியலில் பொருளைப் பயன்படுத்துபவருக்குத் தனி இடம் இல்லை. மற்றத் தொழில்களில் இதைச் சிறு குறை என்று விட்டுவிடலாம். மருத்துவக் கருவித் துறையில் விட முடியாது. இங்கே கருவியைப் பயன்படுத்துபவர் மருத்துவர். அதைத் தாங்குபவர் நோயாளி. பணம் கொடுப்பது பெரும்பாலும் அரசோ மருத்துவமனையோ. எது பழுது, எது தேவை, எந்த விலை தாங்கும் என்ற அறிவு இவர்களிடம்தான் பிறக்கிறது.

ஃபொரேக்கு ஆதரவாக இரண்டு பதில்கள் சொல்லலாம். முதலாவது, 2012இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட வழிகாட்டி நூல் தொழில், அரசு, பல்கலைக்கழகம் ஆகிய மூன்றோடு பயனாளர்களையும் குடிமைச் சமூகத்தையும் நான்காவது தரப்பாகச் சேர்த்தது. உண்மைதான். ஆனால் கலந்தாய்வுக் கூட்டத்தில் ஒரு நாற்காலி கிடைப்பதும், எதைச் செய்ய வேண்டும் என்ற குறிப்பை எழுதும் உரிமை கிடைப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது பதில் எமிலியா-ரொமாக்னாவின் மிரந்தோலா நகரம். 1962இல் மாரியோ வெரோனேசி அங்கே தொடங்கிய சிறு நிறுவனம் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் மருத்துவப் பொருள்களில் தொடங்கி, ரத்தச் சுத்திகரிப்புக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஒரு தொழில் வட்டாரத்துக்கே அடிகோலியது. ஃபொரேயின் கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல சான்று இல்லை என்று தோன்றும். ஆனால் வெரோனேசி ஒரு மருந்தாளர். மருத்துவமனைக்கு எது தேவைப்படுகிறது என்பதை அறிந்திருந்த ஒருவர் தொழிலில் இறங்கினார் என்பதே மிரந்தோலா காட்டும் உண்மை.

கைவந்த அறிவும் பட்டுத் தறியும்

ஏற்கெனவே உள்ள திறனிலிருந்து கிளைவிட வேண்டும் என்பது கோட்பாட்டின் மறுபாதி. பிரான்சின் சாந்த்-எத்தியேன் இதற்கு அழகான எடுத்துக்காட்டு. 19ஆம் நூற்றாண்டில் பட்டு ரிப்பன் நெசவுக்குப் பெயர்பெற்ற அந்த ஊரில், ரிப்பன் மோகம் மங்கிய பின் குறுகிய நாடா நெய்யும் திறன் மீள்தன்மை நாடாக்களுக்கும், அங்கிருந்து இடுப்புப் பட்டைகள், அழுத்தக் கட்டுகள் முதலிய மருத்துவத் துணிகளுக்கும் நகர்ந்தது. துவாஸ்ன், ஜிபோ போன்ற நிறுவனங்கள் அவ்வழியே வளர்ந்தவை.

அப்படியானால் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவும் மருத்துவத் துணிக்குக் கிளைவிட்டிருக்க வேண்டும். அறுவை மருத்துவத்தில் பட்டு நூல் நெடுங்காலமாகத் தையலுக்குப் பயன்பட்டு வருகிறது. நெய்யும் கைகளும் இங்கே இருந்தன. இருந்தும் அப்படி நிகழவில்லை. காரணம் தறிக்காரரின் திறமைக் குறைவு அல்ல. சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நெசவு ஓடங்களால் நெய்து இணைக்கும் கோர்வை முறை எந்தத் துல்லியத் தொழிலுக்கும் ஈடானது. இங்கே பட்டுக்கான கொள்கை புதியதைக் கண்டறிவதற்காக எழுந்ததல்ல. உள்ளதைக் காப்பதற்காக எழுந்தது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், 2005–06இல் கிடைத்த புவிசார் குறியீடு, கூட்டுறவுச் சங்கங்களின் கொள்முதல், தள்ளுபடி ஆகிய எல்லாமே சேலையின் இலக்கணத்தை உறுதிசெய்தன. இது குற்றச்சாட்டு அல்ல. ஆயிரக்கணக்கான தறிக் குடும்பங்களின் வாழ்வு அந்த இலக்கணத்தில்தான் நிற்கிறது. ஆனால் திறன் இருந்தால் அது தானே கிளைவிடும் என்று கோட்பாடு கொள்ளும் நம்பிக்கை இங்கே பொருந்தவில்லை. சாந்த்-எத்தியேனின் நாடாவை வாங்க மருத்துவக் கட்டு கேட்டவர்கள் இருந்தார்கள்; காஞ்சிபுரத்துத் தறியிடம் அப்படிக் கேட்டவர் எவருமில்லை. திறனுக்கும் புதிய துறைக்கும் இடையே நிற்பது கேட்பவரின் குரல்.

திருமுக்கூடல் கல்வெட்டு

கேட்பவரின் குரல் முதலில் எழுதப்பட்டால் ஆவணம் எப்படி இருக்கும் என்பதற்கு இதே மாவட்டத்தில் ஒரு சான்று உண்டு. பாலாறு, செய்யாறு, வேகவதி கூடுமிடமான திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள, சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு அது. கே.வி. சுப்பிரமணிய ஐயர் எபிகிராஃபியா இந்திகா என்ற கல்வெட்டு வெளியீட்டின் 21ஆம் தொகுதியில் அதைப் பதிப்பித்தார். மன்னனின் ஆட்சித் தொடக்கம் 1062–63 என்று கொள்ளப்படுவதால் ஆவணம் 1067க்கும் 1069க்கும் இடையில் வைக்கப்படுகிறது. அதற்குமேல் இங்கே இறுக்கத் தேவையில்லை.

கோயிலைச் சார்ந்த வேதபாடசாலை, மாணவர் விடுதி ஆகியவற்றோடு வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை (மருத்துவமனை) ஒன்றை இக்கல்வெட்டு குறிப்பிடுகிறது. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவம் பார்க்கும் பொறுப்பு கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டனுக்கு. அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், இரவில் எரிய ஒரு விளக்கு. அதற்குப் பின் ஏறத்தாழ இருபது மருந்துகள், இருப்பு வைக்க வேண்டிய அளவுகளோடு வரிசையாக வருகின்றன: தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம், புராண கிருதம் எனப் பட்டியல் நீள்கிறது.

அறுவை செய்பவரின் நெல் மருத்துவருக்குரியதில் மூன்றில் ஒன்று என்பது கவனிக்கத்தக்கது. இதைத் தகுதி வேறுபாடு என்று மட்டும் கொள்ளலாம்; சமூக அடுக்கின் தடம் அதில் இருக்க இடமுண்டு. ஆனால் மருந்துப் பட்டியலோடு சேர்த்துப் படித்தால் வேறொரு விளக்கமும் வலுப்பெறுகிறது. பட்டியலில் மிகுந்திருப்பவை உள்ளுக்குக் கொடுக்கும் லேகியம், நெய், மேலே தடவும் தைலம் ஆகியவை. மாணவரும் ஆசிரியரும் கோயிற் பணியாளரும் அடங்கிய, எண்ணிக்கை தெரிந்த ஒரு கூட்டத்துக்கு எந்த நோய்கள் வரும், எதற்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று கணித்தவர் ஒருவர் இந்த ஒதுக்கீட்டுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். அவர் பெரும்பாலும் மருத்துவராகவே இருந்திருப்பார். கல்வெட்டு இதை நேரே சொல்லவில்லை. ஆயினும் இத்தனை மருந்துப் பெயர்களையும் அளவுகளையும் ஓர் அரசாணை எழுத்தர் தாமாகவே எழுதியிருப்பார் என்பதை நம்புவது இன்னும் கடினம்.

இந்தச் செலவுகளுக்கு வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாய் ஒதுக்கப்பட்டது. பணம் இவ்வளவு இருக்கிறது, இதை எங்கே போடுவது என்று இந்த ஆவணம் பேசவில்லை. நோயாளிக்கு இது வேண்டும், அதற்கு இந்த ஊர் என்று பேசுகிறது. இதைச் சோழர் காலத்துப் புத்தாக்கக் கொள்கை என்று அழைப்பது மிகைப்படுத்தல். அன்றைய ஆதுலர்சாலைக்கும் இன்றைய ஒரகடத்துக்கும் தொடர்ச்சி எதுவும் கிடையாது. ஒரு நிதி ஆவணத்தில் பயனாளரின் அறிவு எந்த இடத்தில் நிற்க முடியும் என்பதை மட்டும் இது காட்டுகிறது. அந்த அளவில் அது போதும்.

பூங்காக்களின் ஆவணங்கள்

நவீன முயற்சிகளின் ஆவணங்கள் வேறு இடத்தில் தொடங்குகின்றன. அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த செங்கல்பட்டில் எச்.எல்.எல். லைஃப்கேர் நிறுவனத்துக்குரிய 330.10 ஏக்கர் நிலத்தை மெடிபார்க் என்ற மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்கக் குத்தகைக்கு விட 2017இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏழு ஆண்டுகளில் கட்டம் கட்டமாக நிறைவேற வேண்டிய அத்திட்டத்தில் உள்கட்டமைப்பு முதலில் வந்தது. அறிவு மேலாண்மை மையம் கடைசியில் வந்தது. வரிசையே நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறது.

2020இல் அறிவிக்கப்பட்ட மருத்துவக் கருவிப் பூங்கா ஊக்குவிப்புத் திட்டம் 400 கோடி ரூபாய் கொண்டது; ஒரு பூங்காவின் பொது வசதிகளுக்கு அதிகபட்சம் 100 கோடி. 16 மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் போட்டியிட்டன. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு, இமாச்சலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கும் தேர்ந்தெடுக்கப்பட்டன. மதிப்பீட்டுக்கு அரசு எடுத்துச் சொன்ன அளவுகோல்கள்: மின்சாரம், நீர் முதலியவற்றின் கட்டணம், மாநிலச் சலுகைகள், பூங்காவின் பரப்பு, நிலக் குத்தகை வீதம், போக்குவரத்து இணைப்பு, தொழில் தொடங்கும் எளிமைத் தரவரிசை, தொழில்நுட்பப் பணியாளர் கிடைப்பு போன்றவை. இவற்றுள் மருத்துவமனை இல்லை. காரப்பேட்டையில் 1969 முதல் இயங்கும் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை ஒரகடம் இருக்கும் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான கொள்முதலை ஒரே கையில் வைத்திருக்கிறது. இந்த இரண்டின் அறிவுக்கும் இந்த அளவுகோல்களில் இடமில்லை.

நிலமும் மின்சாரமும் மதிப்பெண் தரும்போது மாநிலங்கள் அவற்றில்தான் போட்டி போடும். இமாச்சல அரசு 2024இல் மத்திய உதவியை விட்டுவிட்டுத் தன் செலவிலேயே பூங்காவை அமைப்பதாக அறிவித்தது. உதவியைப் பெற்றால் நிலத்தைச் சதுர மீட்டர் 1 ரூபாய்க்கும் மின்சாரத்தை யூனிட் 3 ரூபாய்க்கும் கொடுக்க வேண்டிவரும் என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. ஃபொரே எச்சரித்தது போலவே அரசு மேலிருந்து துறையைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். ஆனால் கட்டணச் சலுகையை நோக்கி வரும் தொழில்முனைவோரே எல்லா முடிவையும் எடுத்திருந்தாலும் விளைவு பெரிதும் மாறியிருக்காது. குறை, முடிவெடுத்தவர் அரசா தொழிலா என்பதில் இல்லை. தேவையை அறிந்தவர் முடிவில் இல்லாததில் இருக்கிறது.

மதுரையின் சான்று

பயனாளரே கண்டறிபவராக இருந்தால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, கண்புரை அறுவையின்போது பொருத்தும் செயற்கை வில்லை இறக்குமதி விலையில் ஏழை நோயாளிகளுக்கு எட்டாததாக இருந்தது. 1992இல் மருத்துவமனையின் அமைப்பே ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. இறக்குமதி வில்லையின் விலையில் மிகச் சிறு பங்குக்கு வில்லை கிடைத்தது. அது பிற நாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் மருத்துவமனையும் தொழில்நுட்பப் பிரிவும் ஒரே நிறுவனத்தின்கீழ் இருந்தன. அங்கே உருவான இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இரண்டிலும் கண்டறிதல் சிகிச்சை அறையில் தொடங்கித் தொழிற்கூடத்துக்குச் சென்றது.

முடிவும் திறந்த கேள்விகளும்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் மருத்துவக் கருவித் தனித்தேர்ச்சி எப்போது தொடங்கியது என்பதற்கு ஒரே ஆண்டைக் குறிப்பது சரியாகாது. சென்னை ஐ.ஐ.டி.யில் மருத்துவத் தொழில்நுட்பப் புத்தாக்க மையம் உருவான 2011ஐக் கொள்ளலாம். 2017ஐயும் 2021ஐயும் கொள்ளலாம். நிலத்தை அளவாகக் கொண்டால் பிந்தைய ஆண்டுகள் பொருந்தும். அறிவை அளவாகக் கொண்டால் முந்தையது. மாவட்ட எல்லையும் இதில் குழப்பம் தருகிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானதால் மெடிபார்க் காஞ்சிபுரத்தின் வரலாற்றில் இருந்தாலும் அதன் நிலப்படத்தில் இல்லை. செயல்படும் வட்டாரம் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மூன்றையும் சேர்த்ததே.

ஃபொரேயின் கோட்பாட்டைக் கைவிட வேண்டியதில்லை. கண்டறிபவர் பட்டியலைத் திருத்தினால் போதும். மருத்துவத் தொழில்நுட்பத்தில் முதலிடம் மருத்துவமனைக்கும் பொதுக் கொள்முதல் நிறுவனத்துக்கும் உரியது. தொழில்முனைவோர் அடுத்து வருகிறார். நிலமும் மின்சாரமும் கடைசியில் வருகின்றன. ஒரகடம் பூங்காவின் அடுத்த கட்டத்தில் மாநிலத்தின் அரசு மருத்துவமனைகள் தம் தேவைகளை அளவோடும் விலை வரம்போடும் எழுதித் தந்து, அவற்றுக்கு ஏற்ற தயாரிப்பாளருக்கே இடத்தில் முன்னுரிமை கொடுத்தால், பூங்கா ஒரு நிலத் திட்டம் என்ற நிலையிலிருந்து தனித்தேர்ச்சித் திட்டமாக மாறும்.