மிளா வேட்டையும் துப்பாக்கிக் காலிபரும்

மிளா அல்லது கடமான், இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் மான்களில் மிகப் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் 200 கிலோவுக்கும் மேல் எடை கொண்டது. விருதுநகர் மாவட்டத்தில் திருவில்லிபுத்தூர் மலைக்காடுகளில் இது காணப்படுகிறது. இலங்கையில் ஆங்கிலேயர் மிளாவை 'எல்க்' என்றே அழைத்தனர். வட அமெரிக்காவில் அப்பெயர் வாப்பிட்டி என்னும் வேறொரு பெரிய மானைக் குறிக்கும்.

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்ட அளவு. மிளாவை வேட்டையாட எந்தக் காலிபர் ஏற்றது என்ற கேள்விக்கு இந்தியாவில் விலங்கின் உடலைவிடச் சட்டமே அதிகம் விடை சொன்னது.

கரிமருந்துக் காலம்

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தோட்டாவைச் செலுத்தியது கரிமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்த இக்கலவை சிவகாசிப் பட்டாசுத் தொழிலுக்கும் பழக்கமானது. இதனால் குண்டின் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியாது. எனவே பெரிய விலங்குக்குக் கனமான குண்டும் அகன்ற குழலும் தேவைப்பட்டன. வலுக் குறைந்த குண்டு பட்ட மிளா உடனே விழாது. காயத்தோடு புதருக்குள் ஓடி, வேதனைப்பட்டு இறக்கும். 1889-இல் கார்டைட் என்னும் புகையில்லா மருந்து வந்தபின், சிறிய குண்டையும் மிகுந்த வேகத்தில் செலுத்த முடிந்தது.

சட்டம் வகுத்த அளவு

இராணுவத் தோட்டாக்கள் களவு போய்க் கிளர்ச்சியாளர் கைக்குச் சேரும் என்று ஆங்கில அரசு அஞ்சியது. பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்குப் பயன்படக்கூடும் என்பதால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அங்குலக் காலிபர் இந்தியாவில் தடுக்கப்பட்டது. ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனங்கள் .465, .470 போன்ற மாற்று அளவுகளை உருவாக்கின.

இராணுவம் பயன்படுத்திய .303 காலிபரும் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டது. அதற்கு மாற்றாக .315 பரவியது. வங்காளத்தின் இசாப்பூர் ஆலை, இராணுவத்தின் லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே .315 துப்பாக்கிகளைச் செய்தது. தோட்டா மட்டும் வேறு. தமிழகக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் கையாண்டது .405 வின்செஸ்டர். அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அங்கு 1906-இல் இராணுவத்துக்காக உருவான .30-06 தோட்டாவே எல்க் வேட்டைக்காரர்களின் பொதுத் தேர்வாயிற்று.

வேட்டையின் முடிவு

கட்டற்ற வேட்டையால் விலங்குகள் அருகுவதைக் கண்டு, சென்னை மாகாண அரசு 1879-இல் நீலகிரிக்கு வேட்டைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. உரிமமும் வேட்டை விலக்குப் பருவமும் நடைமுறைக்கு வந்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

திருவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. புலியின் முதன்மை இரைகளுள் ஒன்று மிளா. ஆதலால் அங்கு மிளாவைக் காப்பது புலியையும் காப்பதாகும்.