பாறு கழுகுகளின் வீழ்ச்சி

பாறு கழுகு என்பது இறந்த விலங்குகளின் உடலை உண்டு வாழும் பெரிய பறவையாகும். பேச்சு வழக்கில் இதனைப் பிணந்தின்னிக் கழுகு என்பர். பழந்தமிழில் எருவை என்றும் பாறு என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. இந்தியாவில் ஒன்பது வகைப் பாறுகள் காணப்படுகின்றன. அவற்றுள் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, மெல்லிய அலகுடைய மற்றோர் இனம் ஆகிய மூன்றும் 1990களில் தொடங்கிப் பதினைந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ முற்றிலும் மறைந்தன. பறவை இனம் ஒன்று இத்தனை விரைவாகக் குறைந்ததற்கு உலகில் உதாரணங்கள் மிகக் குறைவு. காட்டுயிர் ஒன்று அழிந்தால் காட்டுக்குப் பக்கத்திலேயே போகாத மனிதனுக்கு என்ன நேரும் என்ற கேள்விக்கு எண்களோடு விடை சொல்லும் நிகழ்வாகவும் இது அமைந்தது.

ஊரின் துப்புரவாளர்

இந்தியாவில் ஐம்பது கோடிக்கு மேற்பட்ட கால்நடைகள் உள்ளன. மாட்டிறைச்சி உண்பவர் குறைவு என்பதால் வயதாகியும் நோயுற்றும் இறக்கும் மாடுகளின் எண்ணிக்கை அதிகம். செத்த மாட்டை ஊருக்கு வெளியே புறம்போக்கில் கொண்டுபோய்ப் போடுவதே பெரும்பாலான கிராமங்களின் வழக்கம். தோலை உரிப்பவர்கள் உரித்து எடுத்துச் செல்வர். அதன்பின் வேலை பாறுகளுடையது. ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பு மட்டுமே மிஞ்சும். அந்த எலும்பைப் பொறுக்கி உரத் தொழிற்சாலைகளுக்கு விற்றுப் பிழைத்த குடும்பங்களும் இருந்தன. இவ்வளவு பெரிய வேலைக்கு எந்தப் பஞ்சாயத்தும் ஒரு ரூபாய் செலவு செய்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அதன் மதிப்பையும் எவரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

பாறுவின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் உள்ள நோய்க்கிருமிகளில் பல அதனுள் மடிந்துவிடும். நாயும் எலியும் அதே இறைச்சியைத் தின்றால் கிருமிகளைச் சுமந்துகொண்டு ஊருக்குள் திரும்பும். இந்த வேறுபாடு பின்னர் வந்த துன்பங்களைப் புரிந்துகொள்ள முக்கியமானது.

1980களில் வெண்முதுகுப் பாறு உலகிலேயே மிகுதியாகக் காணப்பட்ட பெரிய ஊனுண்ணிப் பறவையாக இருந்திருக்கக்கூடும் என்று பறவையியலாளர் கருதினர். தில்லி போன்ற நகரங்களின் குப்பைமேடுகளிலும் அவை கூட்டம் கூட்டமாக வாழ்ந்தன. விமானங்களில் மோதும் தொல்லைப் பறவை என்ற குறைதான் அப்போது அவற்றின் மீது சொல்லப்பட்டது. அவை இல்லாமல் போகும் என்று நினைத்தவர் யாருமில்லை.

பரத்பூரில் தெரிந்த குறி

ராஜஸ்தானில் பரத்பூர் அருகே உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா பறவைகளுக்குப் பேர்போனது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆகும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980களில் அங்கே ஊனுண்ணிப் பறவைகளை ஆராய்ந்தார். 1987-88 பருவத்தில் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் 353 இருந்தன. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து அவர் மீண்டும் கணக்கெடுத்தபோது கூடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. மரக்கிளைகளில் பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி நாட்கணக்கில் உட்கார்ந்திருந்து, பிறகு கீழே விழுந்து இறந்தன. சில ஆண்டுகளில் அந்தப் பூங்காவில் ஒரு கூடுகூட மிஞ்சவில்லை.

இது ஓர் இடத்துச் செய்தியன்று என்பதைச் சாலைவழிக் கணக்கெடுப்புகள் காட்டின. 1990களின் தொடக்கத்தில் வாகனத்தில் சென்று எண்ணிய அதே சாலைகளில் 2000ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் மீண்டும் எண்ணினர். 1992இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் 2007இல் எஞ்சியது ஒன்று. மற்ற இரண்டு இனங்களும் 100க்கு 97 என்ற அளவில் அழிந்திருந்தன. 2000ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மூன்று இனங்களையும் மிக ஆபத்தான நிலையில் உள்ளவை என அறிவித்தது.

பரத்பூர் வேட்டை தடை செய்யப்பட்ட இடம்; காவலும் உண்டு. மரங்களை எவரும் வெட்டவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறையில் இருந்தது. இருந்தும் பறவைகள் இறந்தன. வேலிக்குள் நடக்கும் எதுவும் காரணம் அன்று என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

காரணத்தைத் தேடிய கதை

முதலில் தொற்றுநோய் என்றே பலரும் ஐயுற்றனர். பூச்சிக்கொல்லி மருந்துகள் மீதும் சந்தேகம் விழுந்தது. இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது ஈரல், இதயம், சிறுநீரகம் ஆகிய உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்படலம் படிந்திருந்தது. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்தால் பறவையின் உடலில் இப்படித்தான் படியும். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்தது எது என்பது விளங்கவில்லை.

விடை பாகிஸ்தானிலிருந்து வந்தது. பெரெக்ரின் நிதியம் என்ற அமைப்பின் சார்பில் லிண்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் அங்குள்ள பஞ்சாப் மாகாணத்தில் ஆய்வு நடத்தினர். கிருமி, பூச்சிக்கொல்லி, கன உலோகம் என ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிய பின், ஓர் எளிய கேள்வி எஞ்சியது. பாறு உண்பது பெரும்பாலும் வளர்ப்பு மாட்டின் இறைச்சி. அப்படியானால் மாட்டுக்குப் புதிதாகக் கொடுக்கப்படும் மருந்து என்ன? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் விசாரித்ததில் டைக்ளோஃபெனாக் என்ற பெயர் கிடைத்தது. மூட்டு வலிக்கு மனிதர்கள் இன்றும் விழுங்கும் அதே வலி நிவாரணிதான். 1990களில் மலிவு விலையில் கால்நடைகளுக்கும் ஊசி மருந்தாக அது பரவியிருந்தது.

சிறுநீரகம் செயலிழந்து இறந்த 25 பாறுகளைச் சோதித்தபோது 25இலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளில் ஒன்றில்கூட அது இல்லை. மருந்து கொடுக்கப்பட்ட கால்நடையின் இறைச்சியை உண்ட பாறுகளும் அதே அறிகுறிகளுடன் இறந்தன. 2004ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் இம்முடிவுகள் வெளியாயின.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எல்லா மாட்டுக்குமா ஊசி போட்டார்கள்? இல்லை. வீழ்ச்சி அத்தனையையும் விளக்க, நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே போதும் என்று கணக்கிட்டவர்கள் காட்டினர். ஒரு மாட்டின் மேல் ஐம்பது, நூறு பறவைகள் இறங்கும். ஆகவே ஒரே ஊசி ஒரு கூட்டத்தையே கொல்லும். பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். இப்படி மெதுவாகப் பெருகும் இனத்தால் அவ்வகை இழப்பை ஈடுசெய்ய முடியாது. ஊசி போட்டவர் மேல் குற்றமில்லை. வலியால் துடிக்கும் மாட்டுக்கு ஆறுதல் தரவே அவர் அதைக் கொடுத்தார். ஒரு மருந்தைச் சந்தைக்கு விடும் முன் அது மனிதனையும் மாட்டையும் என்ன செய்யும் என்று பார்த்தவர்கள், அந்த மாட்டை உண்பது யார் என்று பார்க்கவில்லை.

மனிதர் கொடுத்த விலை

பாறுகள் மறைந்த பின் மாட்டுப் பிணங்கள் புறம்போக்கிலேயே அழுகின. துர்நாற்றம் தாங்காமல் சிலர் ஆற்றோரத்திலும் ஓடையிலும் அவற்றைத் தள்ளினர். அந்த நீர் கீழூர்களுக்குப் போயிற்று. எலும்பு பொறுக்கியவர்களின் பிழைப்பு கெட்டது. விட்டுப்போன இரையைத் தெருநாய்கள் எடுத்துக்கொண்டன.

2008இல் வெளியான ஓர் ஆய்வு, 1992 முதல் 2006 வரையிலான காலத்தில் நாய்களின் எண்ணிக்கை குறைந்தது 55 லட்சம் கூடியது என மதிப்பிட்டது. அதன் விளைவாக 3.85 கோடி நாய்க்கடிகளும், ரேபிஸ் எனப்படும் வெறிநோயால் 47,300க்கு மேற்பட்ட கூடுதல் இறப்புகளும் நேர்ந்திருக்கும் என்பது அதன் கணக்கு. உலகில் ரேபிஸால் இறப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெறிநோய் முற்றிய பின் பிழைப்பது மிக மிக அரிது. அதற்குப் பலியாவோரில் பெரும்பகுதியினர் ஏழைகளும் சிறுவர்களும் ஆவர்.

பொருளியலாளர்களான இயால் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் 2024இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. முன்பு பாறுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும், இயல்பாகவே அவை குறைவாக இருந்த மாவட்டங்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். டைக்ளோஃபெனாக் பரவும் வரை இரண்டு வகை மாவட்டங்களிலும் இறப்பு விகிதம் ஒரே போக்கில் இருந்தது. அதன்பின் பாறு வாழ்ந்த மாவட்டங்களில் மட்டும் இறப்பு 4 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் கூடுதல் இறப்புகள் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆண்டு இழப்பை 6,940 கோடி டாலர் என மதிப்பிட்டனர். இத்தகைய மதிப்பீடுகள் எல்லாம் அனுமானங்களின் மேல் எழுப்பப்பட்டவை. எண்ணைக் கூட்டியோ குறைத்தோ வாதிடலாம். ஆனால் எத்தனை குறைத்தாலும் சிறிய எண்ணாகாது.

பார்சி மக்களின் நிலை தனி. நிலம், நீர், நெருப்பு ஆகியவற்றை மாசுபடுத்தக் கூடாது என்ற நம்பிக்கையால் அவர்கள் இறந்தோர் உடலை மும்பை மலபார் ஹில்லில் உள்ள அமைதிக் கோபுரங்களில் பறவைகளுக்கு வைப்பர். சில மணி நேரத்தில் முடிந்த காரியம், பாறுகள் இல்லாமல் மாதக்கணக்கில் நீண்டது. வெயிலைக் குவிக்கும் கண்ணாடிகளைப் பொருத்தி உடலை உலர்த்த வேண்டியதாயிற்று. இறுதிச் சடங்கு முறையை மாற்றிக்கொள்ளலாமா என்ற விவாதம் அச்சமூகத்துக்குள் பெரிதாக எழுந்தது.

தடையும் அதன் ஓட்டைகளும்

2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தயாரிப்பை நிறுத்த உத்தரவிட்டது. பாகிஸ்தானும் நேபாளமும் அதே ஆண்டில் தடை செய்தன. வங்கதேசம் 2010இல் தடை செய்தது. மாற்று மருந்தாக மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கற்றது என்று சோதித்து உறுதி செய்யப்பட்டது.

தடை வந்ததும் வேறொரு வழி திறந்தது. மனிதருக்கான டைக்ளோஃபெனாக் 30 மில்லி குப்பிகளில் விற்பனைக்கு இருந்தது. ஒரு மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்காக என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2015இல் அரசு, ஊசிக் குப்பி 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதித்தது. அதனை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. பாறுகளுக்கு ஆதரவாகக் கிடைத்த முக்கியமான தீர்ப்புகளில் இது ஒன்று.

இதற்கிடையே அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் முதலிய வேறு மருந்துகள் வந்தன. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். இவ்விரண்டையும் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2023இல் தடை வந்தது. டைக்ளோஃபெனாக் தடைக்கும் இதற்கும் இடையே பதினேழு ஆண்டுகள். நிமிசுலைடு அதற்கும் பிறகுதான் தடை செய்யப்பட்டது.

அரியானாவின் பிஞ்சோரில் ஜடாயு பாதுகாப்பு இனப்பெருக்க மையம் அமைந்துள்ளது. மேற்கு வங்கத்தின் ராஜாபத்காவா, அசாமின் ராணி, போபால் ஆகிய இடங்களிலும் இவ்வகை மையங்கள் உள்ளன. பிஞ்சோரில் பிறந்து வளர்ந்த பறவைகள் சில 2020இல் வெளியே விடப்பட்டன.

தமிழ்நாட்டில்

செங்கல்பட்டு அருகே திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்ட வழக்கம் பல தலைமுறைகளாகத் தொடர்ந்தது. அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களில் அவற்றின் வருகை நின்றுபோயிற்று. பட்சி தீர்த்தம் என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. இவ்வினம் வேறு, எனவே இங்கும் அதே மருந்துதான் காரணம் என்று உறுதியாகக் கூற இடமில்லை.

தென்னிந்தியாவில் பாறுகள் இன்றும் கூடு கட்டி வாழும் முக்கிய இடம் நீலகிரியின் வடக்கே உள்ள மாயாறு பள்ளத்தாக்கு. முதுமலை, சீகூர் காடுகளை ஒட்டி ஓடும் ஆற்றின் கரையில் நிற்கும் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடமைக்கின்றன. கருங்கழுத்துப் பாறு பாறை முகடுகளை நாடும். செம்முகப் பாறுவும் இங்கு உண்டு. இங்கே அவை பிழைத்ததற்கு ஒரு காரணம், புலியும் செந்நாயும் விட்டுச் செல்லும் மான், காட்டெருமை போன்ற காட்டு விலங்குகளின் இறைச்சி கிடைப்பது. அதில் ஊசி மருந்து இராது. புலி வாழும் காடு பாறுவுக்கும் சோறு போடுகிறது. ஆனால் புலி அடித்த மாட்டின் உடலில் ஆத்திரத்தால் நஞ்சு வைக்கப்படும்போது புலியோடு பாறுகளும் மடிகின்றன. மாட்டை இழந்தவருக்கு இழப்பீடு காலத்தில் கிடைத்தால் இந்த ஆத்திரம் பெருமளவு தணியும் என்பது அப்பகுதியை அறிந்தவர் கருத்து.

2022இல் தமிழ்நாடு அரசு பாறுகளுக்கென மாநில அளவிலான குழு ஒன்றை அமைத்தது. 2023இல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் வனத்துறைகள் ஒரே நாட்களில் ஒருங்கிணைந்து கணக்கெடுத்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதி முழுவதிலும் சேர்த்து எண்ணப்பட்ட பாறுகள் சுமார் முந்நூறு.