ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர்: தோள்பலம் முதல் மின்விசை வரை

ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் என்பது நோயாளியை அல்லது காயமடைந்தவரைப் படுத்த நிலையிலேயே ஆம்புலன்ஸுக்கும், அங்கிருந்து மருத்துவமனைக்கும் கொண்டுசெல்ல உதவும் கட்டில் ஆகும். எழுத்து வழக்கில் தூக்குப்படுக்கை என்றும் இதைக் குறிப்பிடுவர். பேச்சு வழக்கில் ஸ்ட்ரெச்சர் என்பதே நிலைத்துவிட்டது. இன்று இதில் இரண்டு பெரும் வகைகள் உள்ளன. ஒன்று, பணியாளர்கள் தம் கைபலத்தால் உயர்த்தி இறக்குவது. மற்றொன்று, மின்கலத்தின் விசையால் உயர்ந்து தாழ்வது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு வசதி சார்ந்தது மட்டும் என்று தோன்றலாம். ஆனால் இதற்குப் பின்னே இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதிக் காலம் ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரின் நலமே கருதப்பட்டது. தூக்குபவரின் முதுகு யாருடைய கணக்கிலும் வரவில்லை. அது எப்போது, எவ்வாறு கணக்கில் வந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

போர்க்களத்தில் தொடக்கம்

நோயாளியைத் தூக்கிச் செல்லும் வழக்கம் மிகப் பழையது. மூங்கிலில் துணியைக் கட்டித் தொங்கவிட்டுச் சுமக்கும் டோலி நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் காயமடைந்த வீரர்களைச் சுமக்க டோலிகளும், அவற்றைத் தூக்குவதற்கென்றே ஆட்களும் இருந்தனர்.

இப்பணியை ஒழுங்குபடுத்திய அமைப்பு முதலில் பிரெஞ்சுப் படையில் தோன்றியது. நெப்போலியனின் படையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் தொமினிக் ழான் லாரே, 1790களில் பறக்கும் ஆம்புலன்ஸ் எனப்பட்ட இலகுவான குதிரை வண்டிகளை ஏற்படுத்தினார். அதுவரை போர் முடியும்வரை களத்திலேயே கிடந்த காயமுற்றோர், போர் நடக்கும்போதே அப்புறப்படுத்தப்பட்டனர். அதே காலத்தவரான மருத்துவர் பெர்சி, ஸ்ட்ரெச்சர் தூக்குவதற்கென்றே பயிற்சி பெற்ற வீரர் குழுவை உருவாக்கினார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-ஆம் ஆண்டு மருத்துவர் ஜோனதன் லெட்டர்மன் தனி ஆம்புலன்ஸ் படைப்பிரிவை அமைத்தார். பயிற்சி பெற்ற அப்பிரிவினரே காயமுற்றோரை அகற்ற வேண்டும் என்பது விதியாயிற்று. 1864-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்கியது.

இந்தச் சீர்திருத்தங்கள் எத்தனையோ உயிர்களைக் காத்தன. ஆனால் கருவி மாறவில்லை. இரண்டு கழிகள், நடுவே கித்தான் துணி, இரு முனையிலும் மனிதர்கள். முழு எடையும் அவர்கள் கைகளிலும் தோள்களிலும்தான் இருந்தது.

நேட்டாலில் இந்தியத் தோள்கள்

சுமப்பவர்கள் யார் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர் ஓர் எடுத்துக்காட்டு. 1899-ஆம் ஆண்டின் இறுதியில் காந்தியடிகள் நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையை அமைத்தார். ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட அப்படையில் சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர். மற்றவர்கள் ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்கள். நேட்டாலுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே. அவர்களை ஏற்றிச்சென்ற முதல் கப்பலான ட்ரூரோ, 1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்துதான் புறப்பட்டது.

1900 சனவரியில் ஸ்பியோன் கோப் குன்றில் நடந்த கடும் போரில் இப்படையினர் காயமுற்ற வீரர்களைச் சுமந்தனர். ஒரே நாளில் 20 முதல் 25 மைல்வரை ஸ்ட்ரெச்சருடன் நடக்க நேர்ந்ததைக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். போருக்குப் பின் படையின் தலைவர்களுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. தூக்கி நடந்த நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் பெயர்கள் பொதுவரலாற்றில் இடம்பெறவில்லை.

முதல் உலகப் போரிலும் இதே நிலைதான். 1917-இல் பெல்ஜியத்தின் பாஷண்டேல் சேற்றில், இருவரோ நால்வரோ தூக்க வேண்டிய ஸ்ட்ரெச்சரை ஆறு பேரும் எட்டுப் பேரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

சக்கரமும் மடங்கும் கால்களும்

சுமையைக் குறைத்த முதல் மாற்றம் சக்கரம். இங்கிலாந்தில் 1877-இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தோன்றியது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான ஜான் பர்லி வடிவமைத்த ஆஷ்போர்டு தள்ளுவண்டியில், ஸ்ட்ரெச்சர் இரு சக்கரங்களின்மேல் அமர்ந்திருந்தது. ஒருவரே தள்ளிச் செல்லலாம். தேவையானபோது ஸ்ட்ரெச்சரைத் தனியே கழற்றியும் எடுக்கலாம்.

தெருவில் தள்ளும் சிரமம் இதனால் தீர்ந்தது. மோட்டார் ஆம்புலன்ஸ் வந்தபின் வேறொரு சிக்கல் எழுந்தது: ஸ்ட்ரெச்சரைத் தரையிலிருந்து வண்டியின் தளத்துக்கு ஏற்றுவது எப்படி? அமெரிக்காவில் 1960களின் நடுப்பகுதிவரை ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதியை இறுதிச்சடங்கு நிறுவனங்களே நடத்தின. சவ ஊர்தியாகவும் பயன்பட்ட அவர்களின் நீண்ட கார்களில் தளம் தாழ்வாக இருந்ததால் ஏற்றுவது அவ்வளவு கடினமாக இல்லை. ஆனால் உள்ளே நிமிர்ந்து அமர்ந்து சிகிச்சை அளிக்க இடமில்லை.

1966-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் சார்பில் வெளியான விபத்து மரணங்கள் பற்றிய அறிக்கை இந்நிலையைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. 1974-இல் அந்நாட்டு அரசு ஆம்புலன்ஸ் வாகனத்துக்கான வரையறைகளை வெளியிட்டது. கார்கள் போய், வேன்களும் பெட்டி வடிவ வண்டிகளும் வந்தன. நோயாளிக்கு இது பெரும் நன்மை. ஆனால் தளம் உயர்ந்தது. தூக்க வேண்டிய உயரமும் உயர்ந்தது.

இதற்கு விடையாக மடங்கும் கால்களுடைய ஸ்ட்ரெச்சர்கள் பரவின. முன்புறச் சக்கரங்களை வண்டியின் தளத்தில் பதித்ததும், கால்மாட்டில் நிற்பவர் எடையைத் தாங்கிக்கொள்வார். மற்றவர் கால்களை மடக்குவார். பிறகு உள்ளே தள்ளிவிடலாம். இன்னொரு வகையில், தள்ளும்போதே கால்கள் வண்டியின் விளிம்பில் பட்டுத் தாமே மடங்கும்.

முதுகின் கணக்கு

கையால் இயங்கும் ஸ்ட்ரெச்சரின் எடை 37 கிலோ என்றும், நோயாளியின் எடை 80 கிலோ என்றும் கொள்வோம். மொத்தம் 117 கிலோ. இருவர் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 58.5 கிலோ. உண்மையில் சமப் பங்கும் கிடைப்பதில்லை. உடலின் எடை பெரிதும் தலைப்பக்கமும் இடுப்பிலுமே இருப்பதால், தலைமாட்டில் நிற்பவருக்கே பாரம் கூடும்.

பணியிடப் பாதுகாப்புக்கான அமெரிக்க தேசிய நிறுவனம் 1991-இல் திருத்திய கணக்கீட்டின்படி, மிக உகந்த சூழலில் ஒருவர் தூக்கத்தக்க எடைக்கு 23 கிலோ வரம்பு. அசையும் உடலைக் கையாளும்போது இது ஏறத்தாழ 16 கிலோவாகக் குறைய வேண்டும் என்று 2007-இல் அந்நிறுவன ஆய்வாளர் ஒருவர் பரிந்துரைத்தார். ஸ்ட்ரெச்சர் தூக்குபவர் இந்த வரம்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் தூக்குகிறார். அதுவும் ஓர் அழைப்புக்கு ஒருமுறை மட்டுமல்ல: நோயாளியைப் படுக்கவைத்து உயர்த்தும்போது ஒருமுறை, வண்டியில் ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை.

முதுகுவலியும் தோள் காயமும் ஆம்புலன்ஸ் பணியாளர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான். பலர் இடைவயதிலேயே பணியை விட்டு விலக நேர்கிறது. தூக்கும் கை தளர்ந்தால் ஆபத்து படுத்திருப்பவருக்கும் சேர்த்தே. கால்கள் சரியாகப் பூட்டிக்கொள்ளாமல் ஸ்ட்ரெச்சர் சரிவது, இத்துறையில் பதிவாகும் விபத்துகளில் முக்கியமான ஒன்று.

மின்விசை ஸ்ட்ரெச்சர்

2000களின் நடுப்பகுதியில் ஸ்டிரைக்கர், பெர்னோ ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் மின்விசை ஸ்ட்ரெச்சர்கள் பயன்பாட்டுக்கு வந்தன. கழற்றி மாட்டத்தக்க மின்கலம் ஒரு மோட்டாரை இயக்குகிறது. ஸ்டிரைக்கரின் அமைப்பில் மோட்டார் நீரியல் எண்ணெயை அழுத்த, அவ்வழுத்தம் கால்களை விரித்துப் படுக்கையை உயர்த்துகிறது. பொத்தானை அழுத்துவது மட்டுமே பணியாளரின் வேலை. அந்த நிறுவனத்தின் பெயர்பெற்ற மாதிரி சுமார் 318 கிலோவரை தூக்கவல்லது.

ஆனால் மோட்டாரும் மின்கலமும் சேர்ந்ததால் ஸ்ட்ரெச்சரின் சொந்த எடை சுமார் 57 கிலோ ஆனது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தரையிலிருந்து உயர்த்தும் பாரம் முழுவதும் மோட்டாருக்குப் போய்விட்டது. ஆனால் வண்டியில் ஏற்றும் அந்தச் சில நொடிகளில், தலைப்பக்கம் தளத்தில் பதிந்திருக்க, மோட்டார் கால்களை மேலிழுக்க, பின்பக்கத்தைத் தாங்குவது மனிதரே. அதே 80 கிலோ நோயாளியுடன் மொத்தம் 137 கிலோ. அதில் பாதி என்றாலும் 68 கிலோவுக்கு மேல். கைவகை ஸ்ட்ரெச்சரைவிட இந்த ஒரு கட்டத்தில் பாரம் கூடுதல்.

இந்தக் குறையை நீக்க, வண்டியின் தளத்திலேயே பொருத்தப்படும் மின்விசை ஏற்றும் அமைப்பு 2010களில் பரவியது. அது ஸ்ட்ரெச்சரைப் பற்றி, தாங்கி, உள்ளே கொண்டுசெல்ல வழிசெய்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நயாகரா வட்டார ஆம்புலன்ஸ் சேவை, ஸ்ட்ரெச்சரையும் ஏற்றும் அமைப்பையும் ஒருங்கே வாங்கியது. ஸ்ட்ரெச்சர் தொடர்பான தசை, எலும்புக் காயங்கள் அங்கு நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

இரண்டும் ஓர் ஒப்பீடு

தரையிலிருந்து உயர்த்துதல்: கைவகையில் முழு எடையும் பணியாளர்மேல், மின்விசை வகையில் மோட்டாரின்மேல்.

வண்டியில் ஏற்றுதல்: ஏற்றும் அமைப்பு இல்லாத மின்விசை ஸ்ட்ரெச்சர் கூடுதல் பாரம், அமைப்பு உள்ளபோது மிக எளிது.

படிக்கட்டும் சந்தும்: எடை குறைந்த கைவகையே இங்கு ஏற்றது. மின்விசை ஸ்ட்ரெச்சரை வாசலில் நிறுத்திவிட்டு, நோயாளியைப் படிக்கட்டு நாற்காலியிலோ துணிப்படுக்கையிலோ கொண்டுவருவர்.

பராமரிப்பு: கைவகைக்குக் கால்பூட்டும் சக்கரமும் சரியாக இருந்தால் போதும். மின்விசை வகைக்கு மின்கலத்துக்கு மின்னேற்றம், மாற்று மின்கலம், பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவர் ஆகியவை தேவை. மின்கலம் தீர்ந்தால் கையால் இயக்கும் வழியும் அதில் உண்டு.

செலவு: மின்விசை வகையின் விலை பல மடங்கு. ஆனால் காயமுற்ற பணியாளருக்கான விடுப்பு, சிகிச்சை, இழப்பீடு ஆகியவற்றையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும்.

இந்தியாவில்

இந்தியாவில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2005-இல் ஐதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008-இல் வந்தது. நம் நாட்டு ஆம்புலன்ஸ்களில் பெரும்பாலும் இருப்பவை, தள்ளும்போது கால்கள் தாமே மடங்கும் கைவகை ஸ்ட்ரெச்சர்களே. சந்தையில் இவற்றை ஆட்டோ லோடர் என்பர். பெயரைக் கண்டு மின்விசை என எண்ணிவிடக் கூடாது. இவற்றில் மோட்டார் கிடையாது. ஏற்றும்போது கைகொடுக்கும் இவ்வகை, தரையில் கிடப்பவரைத் தூக்கிப் படுக்கவைக்கும் வேலையைக் குறைப்பதில்லை. அங்கே ஓட்டுநரும், அவசரகால மருத்துவ உதவியாளரும், பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்தே தூக்குகின்றனர்.

சாலை இல்லாத மலைக்கிராமங்களில் இன்றும் டோலி கட்டித்தான் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் கீழே கொண்டுவருகிறார்கள். அங்கு எந்த வகை ஸ்ட்ரெச்சரும் பயன்படாது. முதலில் வேண்டுவது பாதை.

மதிப்பீடு

லாரேயின் வண்டியும் பர்லியின் சக்கரமும் மடங்கும் கால்களும் நோயாளியை விரைவாகவும் குலுங்காமலும் கொண்டுசெல்லப் பிறந்தவை. தூக்குபவரின் உடலையும் காக்க வேண்டும் என்ற நோக்கில் விற்பனைக்கு வந்ததே மின்விசை ஸ்ட்ரெச்சரின் தனிச்சிறப்பு. ஆயினும் அதுவும் பாரத்தை முழுவதும் நீக்கிவிடவில்லை. ஓரிடத்தில் நீக்கி, இன்னோரிடத்தில் சிறிது கூட்டியது. ஆகவே ஒரு சேவை எதை வாங்குவது என்று தீர்மானிக்கும்போது விலைப்பட்டியல் மட்டும் போதாது. நோயாளி கிடக்கும் இடத்திலிருந்து மருத்துவமனைக் கட்டில்வரை எடை எத்தனை முறை மனிதர் முதுகில் இறங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்து, அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பதே பொருத்தமானது.