ஹவுரா மிதவைப் பாலம்: செப்பனிடுவதா, மாற்றுவதா?

1906-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27. கல்கத்தாவையும் ஹவுராவையும் இணைத்த மிதவைப் பாலத்தில் வண்டிகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. துறைமுக ஆணையர்கள் 16 நாட்கள் நடத்திய அந்தக் கணக்கெடுப்பில் மிக அதிகமான போக்குவரத்து பதிவான நாள் அதுவே. அன்று பாலத்தைக் கடந்த வண்டிகளில் 13-இல் 8 பங்கு மாட்டு வண்டிகள். எஞ்சியவை குதிரை வண்டிகளும் பிறவும். அப்போது பாலத்தின் வயது 32.

வண்டிகளை எண்ணியதற்குப் பின்னால் இருந்த கேள்வி மிகப் பழையது. கையிலுள்ள பொருள் மூப்படைந்துவிட்டது. அதைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, கழித்துவிட்டுப் புதியது வாங்குவதா? தோட்டத்தில் துருவேறி நிற்கும் புல்வெட்டும் இயந்திரத்தின் முன் அதன் உரிமையாளர் கேட்டுக்கொள்ளும் அதே கேள்விதான். ஆனால் கல்கத்தா நகரம் இதற்கு விடைகாண 37 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த 37 ஆண்டுகளின் வரலாறு, இக்கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்பதையே கற்றுத்தருகிறது.

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் ஹவுராவிலிருந்து 1854-இல் கிழக்கிந்திய இரயில்வே தன் முதல் வண்டியை ஓட்டியது. இரயில் மேற்குக் கரையில். நகரமும் வணிகமும் கிழக்குக் கரையில். இடையே படகுகள் மட்டும். பாலம் அமைப்பது பற்றி 1855-56-இல் ஒரு குழு ஆராய்ந்தது. திட்டம் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டு, 1868-இல் மீண்டும் உயிர்பெற்றது. 1871-இல் ஹவுரா பாலச் சட்டம் இயற்றப்பட்டது. பொறியாளர் பிராட்ஃபோர்ட் லெஸ்லி பணியை ஏற்றார். பாலத்தின் பகுதிகள் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, கப்பலில் கொண்டுவரப்பட்டு, கல்கத்தாவில் பொருத்தப்பட்டன.

திறப்பு விழாவுக்கு முன்பே அந்தப் பாலம் முதல் பழுதைச் சந்தித்தது. 1874 மார்ச் 20 அன்று வீசிய பெரும் புயலில் 'எஜீரியா' என்னும் நீராவிக் கப்பல் நங்கூரம் அறுந்து வந்து பாலத்தின் மீது மோதியது. மூன்று மிதவைகள் மூழ்கின. ஏறத்தாழ 200 அடி நீளத்துக்குப் பாலம் சிதைந்தது. சிதைந்த பகுதி சீரமைக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று பாலம் திறக்கப்பட்டது. நீளம் 1,528 அடி. அகலம் 62 அடி. செலவு ஏறத்தாழ 22 இலட்சம் ரூபாய். 1879-இல் அதன் மீது மின்விளக்குகளும் ஒளிர்ந்தன.

மிதவைப் பாலத்தின் தன்மையை இங்கே சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். அது நிலைத்து நிற்கும் கட்டுமானமன்று. நீரோடு ஏறி இறங்கும் ஓர் இயந்திரம் என்றே சொல்லலாம். ஹூக்ளி கடலின் ஓதத்துக்கு உட்பட்ட ஆறு. நீர் உயரும்போது பாலமும் உயரும், வடியும்போது தாழும். அப்போதெல்லாம் கரையையும் பாலத்தையும் இணைக்கும் பகுதிகள் சரிந்து நிற்கும். பாரம் ஏற்றிய மாட்டு வண்டிகளுக்கு அந்தச் சரிவு எளிதானதன்று. பெரிய கப்பல்கள் செல்ல வேண்டுமானால் நடுவிலிருந்த 200 அடிப் பகுதியைக் கழற்றி விலக்க வேண்டும். அந்நேரத்தில் நகரின் இரு பாதிகளும் துண்டிக்கப்பட்டுவிடும். 1906 ஜூன் வரை பகலில் மட்டுமே பாலம் திறக்கப்பட்டது. அதன் பிறகு பெருங்கடற் கப்பல்களைத் தவிர்த்த பிற கலங்களுக்காக இரவிலும் திறக்கப்பட்டது.

இந்நிலையில்தான் 1906-இல் துறைமுக ஆணையர்கள் ஒரு குழுவை அமைத்தனர். கிழக்கிந்திய இரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஆர். எஸ். ஹைட், கல்கத்தா மாநகராட்சியின் தலைமைப் பொறியாளர் டபிள்யூ. பி. மெக்கேப் ஆகியோர் அதில் முதன்மையானவர்கள். பெரிய படகுச் சேவை, தொங்கு தட்டில் வண்டிகளை ஏற்றிக் கடத்தும் பாலம், சுரங்கப்பாதை, தூண்கள் மீதமையும் பாலம், மிதவைப் பாலம், வளைவுப் பாலம் என ஆறு வழிகளைக் குழு ஆராய்ந்தது. ஆற்றின் நடுவே தூண்கள் நட்டால் நீரோட்டம் தடைப்பட்டு வண்டல் படியும், துறைமுகம் பாழாகும் என்ற அச்சம் அன்று வலுவாக இருந்தது. தூண் பாலத்துக்கான மதிப்பீடு 225 இலட்சம் ரூபாய். புதிய மிதவைப் பாலத்துக்கோ 21 இலட்சத்துச் சொச்சம். அதாவது பத்தில் ஒரு பங்கு.

குழு மிதவைப் பாலத்தையே தேர்ந்தது. 32 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 22 இலட்சத்தில் கட்டிய அதே வகைப் பாலத்தை, ஏறத்தாழ அதே விலையில் இன்னும் சற்று அகலமாக மீண்டும் கட்டுவது என்பதே முடிவு. 23 நிறுவனங்களிடம் ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டன.

குழுவின் கணக்கில் பிழை என்று எதையும் சுட்டுவது கடினம். பணம், பராமரிப்புச் செலவு, ஆற்றின் இயல்பு எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அவர்கள் விடை தேடிய கேள்வி, 'பழைய பாலத்துக்குப் பதிலாக எது?' என்பது. அந்தக் கேள்விக்கு மிக இயல்பான விடை, அதைப் போன்ற இன்னொன்று. மாட்டு வண்டிகளை எண்ணிய கணக்கெடுப்பு அன்றைய தேவையைத் துல்லியமாகக் காட்டியது. மோட்டார் வண்டிகள் நிறைந்த நாளையைக் காட்டவில்லை.

முதல் உலகப்போர் வந்து திட்டத்தை நிறுத்தியது. பழைய பாலம் தொடர்ந்து உழைத்தது. 1917-இலும் 1927-இலும் அதில் பகுதிச் சீரமைப்புகள் செய்யப்பட்டன. முடிவெடுக்காமல் இருந்த காலம் முழுவதும் நகரைத் தாங்கியது இந்தச் செப்பனிடும் வேலைதான். குழுக்களின் பெயர்கள் ஆவணங்களில் உள்ளன. மிதவைகளைப் பராமரித்தும் பலகைகளை மாற்றியும் வந்த தொழிலாளரின் பெயர்கள் அப்படி நினைவுகூரப்படுவதில்லை.

1921-இல் இரண்டாவது பெரிய குழு அமைந்தது. தலைவர் சர் இராஜேந்திரநாத் முகர்ஜி. விக்டோரியா நினைவு மண்டபத்தைக் கட்டிய மார்ட்டின் நிறுவனத்தின் பங்குதாரர். துறைமுகத் தலைவர் கிளெமென்ட் ஹிண்ட்லியும் தலைமைப் பொறியாளர் மெக்ளாஷனும் உடனிருந்தனர். இக்குழு கலந்தாலோசித்த பொறியாளர் சர் பேசில் மாட், ஆற்றில் தூணே இல்லாத ஒற்றை வளைவுப் பாலத்தை முன்மொழிந்தார். 1926-இல் புதிய ஹவுரா பாலச் சட்டம் வந்தது. 1930-இல் எஸ். டபிள்யூ. கூட் தலைமையிலான குழு தூண் பாலத்தின் பொருத்தத்தை மீண்டும் ஆராய்ந்தது. இறுதியில் இலண்டனின் ரெண்டல், பாமர் அண்ட் டிரிட்டன் நிறுவனம் வடிவமைத்த நெம்புதாங்கிப் பாலம் ஏற்கப்பட்டது. இரு கரைகளிலும் கோபுரங்கள். அவற்றிலிருந்து இரு கைகள் நடுவை நோக்கி நீளும். பாதை அவற்றில் தொங்கும். ஆற்றில் ஒரு தூணும் இல்லை. கப்பலுக்காகத் திறக்க வேண்டியதும் இல்லை.

1906-ஐயும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறுபாடு புலப்படும். பின்வந்த குழுக்கள் பழைய பாலத்தின் மூப்பை முதன்மைக் குறையாகக் கொள்ளவில்லை. அகலம் போதாது, திறந்து மூட வேண்டியிருக்கிறது, ஓதத்தோடு சரிகிறது என்ற மூன்றும் புதிய மிதவைப் பாலத்திலும் தொடரும் குறைகள். எவ்வளவு செப்பனிட்டாலும் அவை நீங்கா. அதே வகையில் புதிது வாங்கினாலும் நீங்கா. தேய்மானம் என்பது ஒன்று. போதாமை என்பது மற்றொன்று. தேய்ந்ததைச் செப்பனிடலாம். போதாததைச் செப்பனிட இயலாது; வேறொன்றாக மாற்றத்தான் வேண்டும்.

தாமதத்தால் இன்னொரு விளைவும் நேர்ந்தது. 1906-இல் டாடா இரும்பு எஃகு நிறுவனம் பிறக்கவே இல்லை. அது தோன்றியது 1907-இல். எஃகு உற்பத்தி தொடங்கியது 1912-இல். 1936-இல் புதிய பாலத்தின் பணி பிரெய்த்வெய்ட், பர்ன் அண்ட் ஜெசப் நிறுவனத்தின் கையில் தொடங்கியபோது நிலைமை மாறியிருந்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டதும் இங்கிலாந்தின் எஃகு போருக்குச் சென்றது. தேவைப்பட்ட 26,500 டன் எஃகில் ஏறத்தாழ 23,000 டன் டாடா ஆலையிலிருந்தே வந்தது. முதல் பாலம் கப்பலில் வந்திறங்கியது. இரண்டாம் பாலத்தின் பெரும்பகுதி அண்டை நிலத்திலேயே உருக்கி வார்க்கப்பட்டது.

இதைக் கொண்டு தாமதத்தைப் புகழ்ந்துவிடக் கூடாது. 37 ஆண்டுகள் சரிவில் திணறிய மாடுகளும், பாலம் திறந்திருந்தபோது கரையில் காத்துநின்ற மக்களும் அதற்கு விலை கொடுத்தனர். எந்தக் குழுவின் மதிப்பீட்டிலும் எளிதில் அடங்காத செலவு அது.

புதிய பாலம் பழையதற்குச் சற்று மேலே, நீரோட்டத்தின் மேற்பக்கத்தில் எழுந்தது. எனவே கட்டுமானக் காலத்திலும் மிதவைப் பாலம் பணியாற்றியது. தன்னை விலக்கப்போகும் பாலம் முடியும்வரை அது நகரைச் சுமந்தது. 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தா மீது குண்டு வீசியிருந்தன. ஆகவே 1943 பிப்ரவரி 3 அன்று விழா ஏதுமின்றிப் புதிய பாலம் திறக்கப்பட்டது. முதலில் கடந்தது ஒரு டிராம் வண்டி. அதுவரை ஹவுராப் பக்க டிராம்களும் கல்கத்தா டிராம்களும் ஆற்றின் இரு புறங்களிலும் தனித்தனியே ஓடின. 1946-இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி நாளொன்றுக்கு 27,400 வண்டிகளும் 1,21,100 பாதசாரிகளும் 2,997 கால்நடைகளும் பாலத்தைக் கடந்தன. 1906-இல் தேர்ந்த மிதவைப் பாலம் கட்டப்பட்டிருந்தால் அதன் கதி என்னவாகியிருக்கும் என்பதை இந்த எண்களே சொல்லும்.

இன்று அந்தப் புதிய பாலமும் எண்பது வயதைக் கடந்துவிட்டது. 1965-இல் இரவீந்திர சேது என்று பெயர் சூட்டப்பட்ட அதன் முன்னும் அவ்வப்போது பழைய கேள்வி வந்து நிற்கிறது. 2005 ஜூனில் ஒரு சரக்குக் கப்பலின் புகைபோக்கி பாலத்தின் அடியில் சிக்கிக்கொண்டு, விட்டங்களைச் சேதப்படுத்தியது. துறைமுகம் அதே ரெண்டல் நிறுவனத்தின் உதவியை நாடியது. 1943-இன் எஃகுக்கு ஒத்த எஃகைத் தேடிப் பெற்றுச் சீரமைத்தது. பாதசாரிகள் துப்பிய வெற்றிலைச் சாறு தாங்கிகளின் அடிப்பகுதி உறைகளை அரித்தபோது, கண்ணாடியிழை உறைகள் போர்த்தப்பட்டன. இவை தேய்மானங்கள், ஆகவே செப்பனிடுதல் போதுமானது. சுமை மிகுந்தபோது மூன்றாவது வழியொன்றும் கையாளப்பட்டது: 1992-இல் வித்யாசாகர் சேது திறக்கப்பட்டுச் சுமை பகிரப்பட்டது, 1993-இல் டிராம் பாலத்திலிருந்து விலக்கப்பட்டது. செப்பனிடாமலும் மாற்றாமலும் வேலையைக் குறைத்துக் கொடுப்பதும் ஒரு விடைதான்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான சான்று பாம்பன். 1914-இல் திறக்கப்பட்ட அந்த இரயில் பாலத்தை 1964 டிசம்பர்ப் புயல் சிதைத்தது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் அது மீட்கப்பட்டது. பின்னர் அகலப்பாதைக்காக 2007-இல் வலுவூட்டப்பட்டது. உப்புக் காற்றின் அரிப்பு மேலும் தாங்காத நிலையில், 2022 டிசம்பரில் இரயில்கள் நிறுத்தப்பட்டன. அதனருகிலேயே எழுந்த செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1964-இல் 'செப்பனிடுக' என்பதும் பின்னாளில் 'மாற்றுக' என்பதும் ஒன்றுக்கொன்று முரணான விடைகளல்ல. கேட்ட கேள்வி மாறியிருந்தது.

பழைய பொருளின் முன் நிற்பவர் முதலில் அதன் வயதையும் பழுதின் செலவையும் கணக்கிடுவது இயல்பு. 1906-இன் குழுவும் அதைச் செவ்வனே செய்தது. ஹவுராவின் நீண்ட வரலாறு அதற்கு முன்னரே கேட்க வேண்டிய ஒரு கேள்வியை எடுத்துவைக்கிறது: இந்தப் பொருள் நேற்றுவரை செய்த வேலையை இன்று செய்யத் தவறுகிறதா, அல்லது வேலையே அதன் ஆற்றலை மீறி வளர்ந்துவிட்டதா? முன்னதாயின் நல்ல கொல்லர் ஒருவர் போதும். பின்னதாயின் அதே பொருளைப் புதிதாக வாங்குவதும் பழையதைச் செப்பனிடுவதற்கு ஒப்பானதே.